மாமாவுக்கு நேரம் கொடு, மகன்

அன்பு மகன்,

மாமாவுக்குப் பார்க்கின்சன்தான் என்று டொக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார் என்றாய். ஃபோனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதித் தந்தால் மருமகளும் மாமியும் எடுத்துப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் கடிதம். அந்த வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. குளிக்க வைக்கவும் கிளினிக் கூட்டிப்போகவும் நீதான் நிற்கவேண்டும்.

நடுமூளையில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் கலங்கள் மெல்ல மெல்லக் குறைவதால் வரும் வருத்தம் இது. கண்ணுக்குத் தெரிவது நடுக்கம். ஆனால் மாமாவை மறிக்கப்போவது நடுக்கமல்ல, அசைவு மந்தமாவதும் உடம்பு இறுகுவதும்தான். கை சும்மா மடியில் கிடக்கும்போது நடுங்கும், கோப்பையைத் தூக்கினால் அநேகமாகக் குறையும். முகத் தசையும் இறுகுவதால் சிரிப்பு வெளியே தெரியாது. அம்மப்பா கோபமாக இருக்கிறார் என்று பிள்ளைகள் ஒதுங்கிவிடாமல் இப்போதே சொல்லி வை. உங்கள் பிள்ளைகளுக்கு அவர் அம்மப்பா அல்லவா, மடியை விட்டு அவர்கள் இறங்கினால் அவர் இன்னும் ஒடுங்கிவிடுவார்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்று: அவர் செய்யக்கூடிய வேலையை அன்பின் பேரில் அவர் கையிலிருந்து பறிக்காதீர்கள். பொத்தான் பூட்டப் பத்து நிமிடம் எடுத்தால் எடுக்கட்டும். வருத்தம் அசைவைக் குறைக்கும், வீட்டாரின் அவசரம் மிச்சத்தையும் குறைத்துவிடும்.

இனி மருந்து. லெவோடோபாவும் கார்பிடோபாவும் சேர்ந்த குளிசை, சிண்டோபா என்ற பெயரில் அதிகம் கிடைக்கும். அட்டையில் 110 என்றிருந்தால் லெவோடோபா 100 மில்லிகிராம், கார்பிடோபா 10. சிண்டோபா பிளஸ் 125 என்றால் 100உம் 25உம். 275 என்றால் 250உம் 25உம். ஒன்று இல்லையென்று பார்மசியில் மற்றதைத் தந்தால் வாங்கி வந்து கொடுத்துவிடாதே. 275ஐப் பாதியாக உடைத்தால் லெவோடோபா 125, கார்பிடோபா 12.5 வரும், பிளஸ் 125க்கு அது ஈடாகாது. லெவோடோபா மூளைக்குள் போய் டோபமினாக மாறும். கார்பிடோபாவின் வேலை, அது மூளைக்குப் போய்ச் சேருமுன் வழியிலேயே மாறிவிடாமல் காப்பது. கார்பிடோபா போதாவிட்டால் குமட்டலும் வாந்தியும்தான் மிஞ்சும்.

நேரம் தவறக்கூடாது. காலை எட்டு மணிக் குளிசை என்றால் எட்டு மணிக்கே. ஃபோனில் அலாரம் வை, மாமியின் ஃபோனிலும் வை. சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்தி, அல்லது சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது கழித்துக் கொடுக்கவேண்டும். காரணம் இதுதான்: லெவோடோபா ஒரு அமினோ அமிலம். மீன், இறைச்சி, முட்டை, பருப்பு, தயிர் செரித்து வரும் அமினோ அமிலங்களும் அதுவும் குடலிலிருந்து இரத்தத்துக்கும், பிறகு மூளைக்கும் ஒரே வாசலால்தான் நுழையும். மத்தியானம் பெரிய மீன் துண்டும் தயிரும் சாப்பிட்டுக் கையோடு குளிசையைப் போட்டால், "மருந்து பிடிக்கவில்லை" என்று பின்னேரம் முழுக்கக் கதிரையில் இருப்பார். அதற்காக மீனை நிறுத்திவிடாதீர்கள். இந்த வருத்தத்தில் உடம்பு மெலிவது வழமை. குளிசையையும் சாப்பாட்டையும் தள்ளி வைத்தும் சரிவராவிட்டால், டொக்டரிடம் கேட்டு, பெரிய பங்கை இராச் சாப்பாட்டுக்கு மாற்றலாம். தொடக்கத்தில் வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு பிஸ்கட் அல்லது சின்னத் துண்டு பாண் போதும். இரும்புச்சத்துக் குளிசை இருந்தால் அதற்கும் இதற்கும் இடையில் இரண்டு மணித்தியாலம் விடு.

திடீரென்று ஒருநாளும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் உடம்பு கட்டைபோல் விறைத்து, கடும் காய்ச்சல் வந்து, உயிருக்கே மோசமாகலாம். அதனால் கடைசி அட்டை உடையும்வரை காத்திராமல், இரண்டு கிழமைக்குரியது எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். வேறு காரணத்துக்காக வார்டில் மறித்தாலும் குளிசையைக் கொண்டுபோய், நேரங்களைத் துண்டில் எழுதி மிஸ்மாரிடம் கொடு. வார்டில் மருந்து கொடுக்கும் நேரம் வேறு, மாமாவின் நேரம் வேறு. கேட்டு நிற்க வீட்டாள் ஒருவர் வேண்டும்.

கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் இதை எழுது: மெட்டோகுளோப்பிரமைட், புரோகுளோர்பெரசின் (ஸ்டெமெட்டில் என்று வரும்), ஹலோபெரிடோல், சினரிசின், ஃபுளுனரிசின் வேண்டாம். தலைசுற்று, வாந்தி என்று போனால் இவற்றில் ஒன்றைத்தான் கை தேடும். இவை டோபமினின் வேலையை மறிப்பவை. சில நாளிலேயே நடை மோசமாகும். வாந்திக்கு டொம்பெரிடோன் கொடுப்பார்கள், இருதய வருத்தம் இருந்தால் அதை முதலே சொல்லவேண்டும். நடுக்கத்துக்கென்று பென்ஸ்ஹெக்ஸோல் எழுதியிருந்தால் கவனமாக இரு. வயதானவர்களுக்கு அது தடுமாற்றம், இல்லாத ஆளைக் காண்பது, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல் எல்லாம் தரும். அப்படி ஏதும் கண்டால் அடுத்த தவணைவரை பொறுக்காதே. பிரமிபெக்ஸோல், ரொபினிரோல் தந்தால் இன்னொன்றைக் கவனி: சிலருக்கு அடக்கமுடியாத ஆசை வரும், லொத்தர் டிக்கட்டைக் கட்டுக்கட்டாக வாங்குவார்கள். அது மருந்தின் வேலை, ஆளின் குணமல்ல.

பூனைக்காலி விதைத்தூள் கொடுக்கச் சொல்லி யாரும் வந்தால் மரியாதையாகக் கேட்டுக்கொள். அதில் உண்மையிலேயே லெவோடோபா இருக்கிறது. அதனால்தான் குளிசையோடு சேர்த்தால் அளவு கூடி, கைகால் தன்பாட்டில் நெளியும், பிரஷர் விழும். டொக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

நடையைப் பற்றி. வாசற்படியிலும், திரும்பும் இடத்திலும், சனம் நெரியும் இடத்திலும் கால் நிலத்தில் ஒட்டியதுபோல் நின்றுவிடும். அந்த நேரத்தில் கையைப் பிடித்து இழுத்தால் மேல் உடம்பு முன்னே போகும், கால் வராது, முகம் அடிபட விழுவார். செய்யவேண்டியது: நிற்கச் சொல். நிமிரச் சொல். பாரத்தை இடமும் வலமுமாக இரண்டு மூன்று தரம் மாற்றச் சொல். பிறகு உன் பாதத்தை அவர் காலுக்கு முன் குறுக்கே வைத்து, "இதைத் தாண்டுங்க மாமா" என்று சொல். தாண்டுவார், தாண்டியபின் நடை வரும். தானாக ஓடும் நடைதான் கெட்டிருக்கிறது. கண்ணால் ஒரு குறியைப் பார்த்தோ காதால் ஒரு தாளத்தைக் கேட்டோ எடுக்கும் அடிக்கு மூளை வேறு வழியைப் பிடிக்கும். அதனால் படுக்கையிலிருந்து மலசலகூடம்வரை நிலத்தில் ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பளிச்சென்ற நிற டேப் குறுக்கே ஒட்டு. வாசற்படிக்கு முன்னும் பின்னும் தவறாமல் ஒட்டு.

தாளத்துக்கு நம் பக்கத்தில் என்ன குறை? கூத்து பார்த்து வளர்ந்த ஆளுக்கு மத்தளச் சொல்லும் வசந்தன் கோலடியும் காதில் ஊறியிருக்கும். "தா தெய் தத்தா" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு அடியெடுக்கச் சொல், கையில் சின்னத் தாளம் இருந்தால் தட்டு. நியூயோர்க்கின் புரூக்ளினில் 2001 முதல் இந்த வருத்தக்காரருக்கென்றே நடன வகுப்பு நடக்கிறது. நம் கூத்துக் களரியில் இருப்பதும் அதற்குக் குறைந்ததல்ல. திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலக்கூடாது, அரைவட்டமாக நடந்து திரும்பவேண்டும். நடக்கும்போது கதை கேட்காதே, கையில் தேத்தண்ணிக் கோப்பையும் கொடுக்காதே. குதியில் பிடிப்பில்லாத றப்பர் செருப்பைத் தூக்கிப்போட்டு, பின்வார் உள்ளது வாங்கு. காய்ந்த கடற்கரை மணலில் கால் புதையும், ஆகவே காலையில் மருந்து நன்றாகப் பிடித்திருக்கும் நேரம் பார்த்து ஊருக்குள் சமமான ரோட்டில் நடக்கவிடு, கையை வீசி, அடியைப் பெரிதாக வைத்து. கிழமைக்கு 150 நிமிடம் வரவேண்டும்.

விறாந்தையில் இருக்கும் சாய்மனைக் கதிரை அவருக்கு ஆகாது. உள்ளே விழுந்தால் எழும்பமுடியாது. 18 அங்குல உயரமான, கைபிடியுள்ள கதிரை வேண்டும். எழும்பும்போது விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை முன்னால் குனிந்து, பிறகு தள்ளி எழும்பவேண்டும். கிணற்றடிக் குளிப்பு நிற்கட்டும், பாசி வழுக்கும். குளியலறையில் பிளாஸ்டிக் கதிரையும் சுவரில் பைப் கைபிடியும் போடு. இரவில் சாரம் காலைச் சுற்றிக்கொள்வதால் புரளமுடியாது, கட்டைக் காற்சட்டை நல்லது. இடுப்பு படும் இடத்தில் வழுவழுப்பான துணி விரித்தால் புரள்வது இலேசு. நித்திரையில் கத்தி உதைத்தால் பயப்படாதீர்கள், அதுவும் வருத்தத்தின் பகுதி. கட்டிலைச் சுவரோடு தள்ளி, கீழே மெத்தை போட்டு, டொக்டருக்குச் சொல்.

கச்சான் காற்று அடிக்கும் வெக்கை மாதங்களில் தண்ணீர் குறைந்தால் எழும்பும்போது தலை சுற்றும். ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பிரஷர் பார், எழும்பி ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பார். படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் எழுதிக் காட்டு.

சாப்பாட்டில் பிட்டுத்தான் ஆபத்து. உதிர்ந்து தொண்டையில் சிதறும். சொதிவிட்டு நன்றாகக் குழைத்துக் கொடுங்கள், கட்டியும் தண்ணியுமாக விடவேண்டாம். நிமிர்ந்து இருந்து, நாடியைச் சற்றுத் தாழ்த்தி விழுங்கவேண்டும், சாப்பிட்டபின் அரை மணித்தியாலம் படுக்கக்கூடாது. தண்ணீர் குடித்தால் இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரப்பது இரண்டும் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்ற அடையாளம். அதில்தான் நியூமோனியா வரும். மலச்சிக்கலுக்குப் பப்பாசி, கீரை, தண்ணீர். குடல் அடைத்தால் குளிசையும் நேரத்துக்குச் சேராது.

எழுத்து சிறுத்துக்கொண்டே போகும், கையெழுத்து மாறும். பென்சன் எடுக்கும் வங்கியில் இப்போதே போய்ப் புதிய மாதிரிக் கையெழுத்துக் கொடுத்து, மாமியையும் கணக்கில் சேர்க்க முடியுமா என்று கேள். குரலும் தணியும். தினமும் தேவாரத்தை வீடு கேட்கப் பாடட்டும், பேப்பரை உரத்து வாசிக்கட்டும்.

அயலுக்கு மறைக்காதீர்கள். தெரிந்தால்தான் ரோட்டில் நின்றுவிட்டவரை இழுக்காமல் "ஒண்டு, ரெண்டு" சொல்ல ஆளிருக்கும். ஓட்டோக்காரத் தம்பிக்கும் சொல்லி வை: முதலில் இருக்கையில் பின்பக்கமாக அமர்ந்து, பிறகு காலை உள்ளே எடுக்கவேண்டும். அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்குச் சனம் சேருமுன் காலையிலேயே கூட்டிப்போ. 60 வயது கடந்தவருக்கு முதியோர் அடையாள அட்டை உண்டு, பிரதேச செயலகத்துச் சமூக சேவைப் பிரிவில் கேள். கிளினிக் வரிசையில் இதே வருத்தக்காரர் இருப்பார்கள், காரைதீவு, சாய்ந்தமருது, பாண்டிருப்பு எங்கிருந்தும். நாலு குடும்பம் ஃபோன் நம்பர் மாற்றிக்கொண்டால் எந்தப் பார்மசியில் மருந்து இருக்கிறது என்று தெரியவரும், ஒரு முற்றத்தில் சேர்ந்து பயிற்சி செய்யலாம், ஒருவருக்கு அவசரமென்றால் மற்றவர் வீட்டில் நிற்கலாம். குளிசையை மட்டும் கைமாற்றாதீர்கள்.

மாமி இரவில் நாலு தரம் எழும்புவா. கிழமையில் இரண்டு பின்னேரமாவது நீயோ மருமகளோ மாமாவைப் பார்த்துக்கொண்டு, அவவை வெளியே அனுப்புங்கள். அடுத்த கிளினிக்குக்கு முந்திய கிழமை முழுக்க ஒரு கொப்பியில் எழுது: குளிசை எடுத்த நேரம், சாப்பிட்ட நேரம், நன்றாக நடந்த நேரம், இறுகிய நேரம், கைகால் நெளிந்த நேரம், விழுந்தது. அந்தப் பக்கங்களைப் படமெடுத்து எனக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா
மட்டக்களப்பு