கதிர்வீச்சுக் கவசம் என்று நீங்கள் விற்ற தொகுப்பு பற்றிய புகார்

பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்கள் மற்றும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுத் தலைவர் அவர்கள்

பொருள்: கழுத்தில் அணியும் டாலரில் உள்ள தாது பற்றிய விவரமும் ஆய்வறிக்கையும் கேட்பது, தொகுப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் தரக் கோருவது, தவறான சிற்றேட்டைத் திரும்பப் பெறக் கோருவது

ஐயா / அம்மா,

உங்கள் நிறுவனத்தின் குடும்பக் கதிர்வீச்சுப் பாதுகாப்புத் தொகுப்பை விற்பனைப் பிரதிநிதி வழியாக வாங்கினோம். செல்போனின் முதுகில் ஒட்டும் ஸ்டிக்கர், வை-ஃபை ரவுட்டர் மேல் கவிழ்க்கும் உலோக வலைக்கூடு, எதிர்மின் அயனிகளை (எதிர் மின்னூட்டம் பெற்ற காற்றுத் துகள்களை) வெளியிடுவதாகச் சொல்லும், கழுத்தில் போட்டுக்கொள்ளும் டாலர் என்று மூன்று பொருட்கள் அதில் இருந்தன. ஸ்டிக்கரும் கூடும் சொன்ன வேலையைச் செய்யவில்லை. அதற்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறேன். ஆனால் எனக்குப் பணத்தைவிட அவசரமானது டாலர். அதில் என்ன தாது இருக்கிறது என்று தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் கேட்டுவிட்டேன். "இயற்கையான பொருள், பயப்பட வேண்டாம்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. அதனால்தான் இதை எழுத்தில் கேட்கிறேன்.

அந்த டாலரைப் போட்டிருந்தது என் தங்கை. அவள் கர்ப்பமாக இருக்கிறாள். உங்கள் சிற்றேட்டின் நடுப்பக்கத்தில் வயிற்றில் இருக்கும் சிசுவைச் சுற்றி செல்போன், ரவுட்டர், டவர் எல்லாவற்றிலிருந்தும் சிவப்பு வளையங்கள் பாய்வது போல ஒரு படம் போட்டிருக்கிறீர்கள். அந்தப் படத்தைக் காட்டித்தான் உங்கள் பிரதிநிதி பேசினார். தாயாகப் போகிற எந்தப் பெண்ணும் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்க மாட்டாள். "இரவிலும் கழற்ற வேண்டாம், தோலில் படும்படி அணியவும்" என்று டாலரோடு வந்த சீட்டில் அச்சடித்திருக்கிறீர்கள். அவளும் அப்படியே செய்தாள்.

இப்போது அந்தச் சீட்டில் இருக்கும் இன்னொரு வரிக்கு வருகிறேன். டாலர் ஓயாமல் எதிர்மின் அயனிகளை வெளியிடும், பேட்டரி தேவையில்லை, ஆயுள் முழுக்க வேலை செய்யும் என்கிறீர்கள். பேட்டரியும் இல்லை, மின் இணைப்பும் இல்லை என்றால் காற்றை அயனியாக்கும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது? இப்படி விற்கப்படும் பொருட்கள் பலவற்றில் விடை ஏற்கெனவே தெரிந்த ஒன்றுதான். மோனசைட் போன்ற தாதுக்களைப் பொடித்துச் சேர்க்கிறார்கள். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியம் கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 1400 கோடி ஆண்டுகள் என்பதால் 'ஆயுள் முழுக்க' என்ற விளம்பரம் உண்மையாகிவிடுகிறது. அந்தக் கதிரியக்கம்தான் காற்றை அயனியாக்குகிறது.

இது என் கற்பனை அல்ல. நெதர்லாந்தின் அணு மற்றும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில், 5ஜி அலையிலிருந்து காப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட 10 பொருட்கள் அயனியாக்கும் கதிர்வீச்சை வெளியிடுவதாக எச்சரித்தது. கழுத்தணி, தூங்கும்போது கட்டும் கண்பட்டை, குழந்தைகளின் கைப்பட்டை எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. நீண்டகாலம் தொடர்ந்து அணிந்தால் கேடு வரலாம், இனி அணியாதீர்கள், பத்திரமாகத் தனியே எடுத்து வையுங்கள் என்று மக்களிடம் சொன்னார்கள்.

உங்கள் டாலரும் அதே வகைதான் என்று நான் குற்றம் சாட்டவில்லை. அளந்து பார்க்காமல் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அளந்து பார்க்காமல் நீங்களும் அதை ஒரு கர்ப்பிணியின் கழுத்தில் மாட்டச் சொல்லியிருக்கக் கூடாது. அளந்திருந்தால் அறிக்கையைக் காட்டுங்கள். என்ன தாது, எங்கே சோதித்தீர்கள், எவ்வளவு கதிரியக்கம் என்ற மூன்று விவரமும் இருந்தால் போதும். அது வரும்வரை டாலரைக் கழற்றி, உடைக்காமல், உங்கள் பெட்டியிலேயே மூடி, யாரும் புழங்காத இடத்தில் வைத்திருக்கிறோம். குப்பையில் போடவும் எனக்கு மனமில்லை. அதை எடுக்கப் போகிறவர் யாரோ ஒரு துப்புரவுப் பணியாளர்.

இதில் எனக்கு ஆற்றாமை வருவது எங்கே என்றால், செல்போனுக்கும் ரவுட்டருக்கும் பயந்து வாங்கிய பொருள் இது. அந்தக் கருவிகள் அனுப்புவது ரேடியோ அலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபை அலையின் ஒரு ஃபோட்டானில் (அலை சுமக்கும் மிகச் சிறிய ஆற்றல் பொட்டலத்தில்) இருக்கும் ஆற்றல், ஓர் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எடுக்கத் தேவையானதைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு குறைவு. அதனால் எக்ஸ்-கதிரைப் போல டி.என்.ஏ.வை நேரடியாக உடைக்க அதனால் முடியாது. அளவு அதிகமானால் திசுவைச் சூடாக்கும், அதற்குத்தான் வரம்புகள் வைத்திருக்கிறார்கள். தோரியம் இருந்தால் அது வெளியிடுவது முற்றிலும் வேறு வகை. அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்க வல்ல 'அயனியாக்கும் கதிர்வீச்சு' என்று சொல்வதே அதைத்தான். அயனியாக்காத ஒன்றிலிருந்து காக்கிறேன் என்று அயனியாக்கும் ஒன்றைத் தோலோடு ஒட்டி வைக்கிற வாய்ப்பு ஒரு சதவீதம் இருந்தாலும், விற்பதற்கு முன் நீங்கள் அதை இல்லையென்று நிரூபித்திருக்க வேண்டும்.

சரி, ரவுட்டர் கூட்டுக்கு வருகிறேன். கவிழ்த்ததும் அடுத்த அறையில் இணையம் நின்றுபோனது. வாடிக்கையாளர் சேவையில் பேசியவர், "அதுதான் சார், கவசம் வேலை செய்யுதுங்கிறதுக்கு அடையாளம்" என்றார். ஆனால் பெட்டியின் மேலேயே, இணைய வேகம் குறையாது, தீய கதிர்கள் மட்டும் தடுக்கப்படும் என்று போட்டிருக்கிறீர்கள். தரவைச் சுமந்து வரும் அலை ஒன்று, தீய கதிர் இன்னொன்று என்று ரவுட்டரில் இரண்டு கிடையாது. நாம் இணையம் என்று பயன்படுத்துவதும் நீங்கள் தீய கதிர் என்று படம் வரைவதும் ஒரே ரேடியோ அலைதான். அதைத் தடுத்தால் இணையம் போகும், தடுக்காவிட்டால் கூடு வெறும் கம்பி வலை. இரண்டையும் ஒரே பெட்டியில் எழுதி விற்க முடியாது. உண்மையிலேயே கவலைப்படுகிறவர் தூங்கப் போகும்போது ரவுட்டரை அணைத்துவிடலாம், படுக்கையிலிருந்து தள்ளி வைக்கலாம். அதற்குக் கூடு தேவையில்லை.

ஸ்டிக்கர் இன்னும் மோசம். 99 சதவீதக் கதிர்வீச்சைத் தடுக்கும் என்கிறீர்கள். ஒட்டிய பிறகும் சிக்னல் கோடுகளில் எந்த மாற்றமும் இல்லை. உங்கள் பிரதிநிதி ஒரு கைமீட்டரைப் போனின் முதுகுப் பக்கம் வைத்து, முள் இறங்குவதைக் காட்டினார். பேசும்போது தலையில் படுவது முன்பக்கம். முதுகில் ஒட்டிய சிறு துண்டு முன்பக்கத்தை எப்படிக் காக்கும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

செல்போனின் தாக்கத்தை அளக்க முறையான வழி ஒன்று இருக்கிறது. மனிதத் தலை வடிவத்தில் ஒரு கூடு செய்து, உடல் திசுவைப் போன்ற மின்பண்பு கொண்ட திரவத்தை நிரப்பி, போனை அதில் பொருத்தி, உள்ளே உணர்கருவியை நகர்த்தி, திசு எவ்வளவு ஆற்றலை உறிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். அதைத்தான் எஸ்.ஏ.ஆர். என்கிறார்கள். தலைக்கு அமெரிக்காவில் கிலோவுக்கு 1.6 வாட், ஐரோப்பாவில் 2 வாட் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள் (முன்னது 1 கிராம் திசுவின் சராசரி, பின்னது 10 கிராம் திசுவின் சராசரி). 2023 செப்டம்பரில் பிரான்சின் அலைக்கற்றை முகமை ஆப்பிள் ஐஃபோன் 12-ஐச் சோதித்தபோது, கையில் பிடிக்கும் நிலைக்கான கிலோவுக்கு 4 வாட் வரம்புக்கு எதிராக 5.74 வாட் வந்தது. விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள், நிறுவனம் மென்பொருளைத் திருத்தியது. மக்களின் கவலைக்கு மரியாதை கொடுப்பது என்றால் இதுதான். எண்ணால் கேட்டார்கள், எண்ணால் பதில் வந்தது. நீங்கள் ஸ்டிக்கர் ஒட்டிய போனையும் ஒட்டாத போனையும் இப்படி ஓர் ஆய்வகத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டவரின் சிக்னல் நன்றாகக் கிடைக்கும்போது போன் தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். சிக்னல் கிடைக்காவிட்டால் கூட்டிக்கொள்ளும். ஆகவே உங்கள் ஸ்டிக்கர் ஆன்டெனாவை உண்மையிலேயே மறைத்தால், டவரை எட்டுவதற்காகப் போன் இன்னும் பலமாக அலையை அனுப்பும். அமெரிக்காவின் ஃபெடரல் வர்த்தக ஆணையம் நுகர்வோருக்குச் சொல்லும் எச்சரிக்கையும் இதேதான். அதாவது ஸ்டிக்கர் வேலை செய்யாவிட்டால் பணம் வீண், வேலை செய்தால் நிலைமை மோசமாகலாம்.

அப்புறம் உங்கள் சிற்றேடு. "செல்போன் கதிர்வீச்சு புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். 2011 மே மாதம் அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ரேடியோ அலைகளை 2பி என்ற பிரிவில் வைத்தது உண்மை. புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் மனிதரிடம் சான்று குறைவு என்பதுதான் அந்தப் பிரிவின் பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. 'உண்டாக்கக்கூடும்' என்பதை 'தரும்' என்று மாற்றியது நீங்கள்.

எலி ஆய்வு பற்றியும் ஒரு பத்தி இருக்கிறது. 2018-இல் அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் வெளியிட்ட முடிவில் ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகள் கண்டது உண்மைதான், அதை நான் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எலிகளின் உடல் முழுவதும் நாளுக்கு ஒன்பது மணி நேரம் போல, இரண்டு ஆண்டுகள் வரை, மனிதருக்கு அனுமதித்ததைவிட அதிக அளவில் அலை செலுத்தப்பட்டது. அலை பட்ட ஆண் எலிகள் படாதவற்றைவிட அதிக நாள் வாழ்ந்தன என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அந்த வரிகளை ஏன் விட்டீர்கள்? உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டு நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு, 63 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்தது. உங்கள் சிற்றேட்டில் அதற்கு ஒரு வரிகூட இடமில்லை.

மக்கள் பயப்படுவதில் தவறு இருப்பதாக நான் நினைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று நாள் முழுக்க உடம்போடு ஒட்டி இருக்கிறது, பிள்ளைகள் கையிலும் இருக்கிறது, டவர் வைக்கும்போது யாரும் நம்மைக் கேட்பதில்லை. கேள்வி வரத்தான் செய்யும். அலை பட்டால் தலைவலி, தூக்கமின்மை வருகிறது என்று சொல்கிறவர்களைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2005-இல் வெளியிட்ட குறிப்பு, அந்தத் தொந்தரவுகள் உண்மையானவை, ஆனால் அவற்றுக்கு மின்காந்த அலைதான் காரணம் என்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்றது. அந்த மனிதர்களுக்குத் தேவை நல்ல மருத்துவர். நீங்கள் அவர்கள் கையில் டாலரைக் கொடுக்கிறீர்கள், உண்மையான காரணத்தைத் தேடும் நாட்கள் தள்ளிப்போகின்றன.

கவலையைக் குறைக்க எளிய வழிகள் இருக்கின்றன. அலை ஆன்டெனாவிலிருந்து விலக விலக வேகமாக வலுவிழக்கும். ஸ்பீக்கரில் அல்லது இயர்போனில் பேசலாம், தலையணைக்கு அடியில் போனை வைக்காமல் இருக்கலாம், சிக்னல் குறைந்த இடத்தில் நீண்ட நேரம் பேசாமல் இருக்கலாம். இவற்றில் ஒன்றுகூட உங்கள் சிற்றேட்டில் இல்லை. என் தங்கைக்கு மருத்துவர் சொன்னது இவ்வளவுதான். அதைக் கேட்டபோது அவள் முகத்தில் வந்த நிம்மதி உங்கள் மூன்று பொருளாலும் வரவில்லை.

ஆகவே நான் கேட்பது இவை. டாலரின் தாது விவரத்தையும், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் கதிரியக்க அறிக்கையையும் அனுப்புங்கள். அப்படி அறிக்கை இல்லையென்றால் விற்பனையை இன்றே நிறுத்தி, இதுவரை வாங்கியவர்கள் எல்லோருக்கும், குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கும், கழற்றி வைக்கச் சொல்லித் தகவல் கொடுங்கள். எங்கள் டாலரைப் பாதுகாப்பாக எடுத்துச் செல்ல உங்கள் செலவில் ஆள் அனுப்புங்கள், கூரியரில் போடச் சொல்லாதீர்கள். தொகுப்பின் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். வேறு பொருளாக மாற்றித் தருவதாகச் சொன்னீர்கள், எங்களுக்கு வேண்டாம். 99 சதவீதம் என்ற எண்ணுக்கு ஆதாரம் இருந்தால் வெளியிடுங்கள், இல்லையென்றால் பெட்டியிலிருந்தும் சிற்றேட்டிலிருந்தும் எடுங்கள். சிசு படம் போட்ட அந்தப் பக்கத்தை மருத்துவமனை வாசல்களில் கொடுப்பதை உடனே நிறுத்துங்கள்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பொறுப்பான ஒருவர் கையொப்பமிட்ட பதில் வேண்டும். வராவிட்டால் டாலரை நானே ஆய்வகத்துக்குக் கொடுத்து, முடிவு எதுவானாலும் அதோடு நுகர்வோர் நீதி அமைப்பிடமும் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அரசு அமைப்பிடமும் புகார் செய்வேன். ரசீதின் நகல், பெட்டியின் எல்லாப் பக்கங்களின் படங்கள், டாலரோடு வந்த சீட்டு, சிற்றேடு ஆகியவற்றின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். அசல்கள் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் தொகுப்பை வாங்கிய வாடிக்கையாளர்