செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

மதிப்புமிகு தலைவர் அவர்களே, செயலவையினரே, சந்தா கட்டிய உறுப்பினர்களே, இனிமேல் கட்டப்போகும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தின் குறிப்புகள் உங்கள் கையில் இருக்கின்றன. அவற்றை வாசித்து நேரத்தைப் போக்க விரும்பவில்லை. அன்று போதிய எண்ணிக்கை சேராமல் கூட்டத்தைத் தள்ளிவைத்து, சமையற்கட்டில் இருந்தவர்களையும் அழைத்து உட்காரவைத்த பிறகே தொடங்கினோம் என்பதை மட்டும் பதிவுக்காகச் சொல்லிக்கொள்கிறேன்.

வழக்கமான நிகழ்ச்சிகள் வழக்கம்போல் நடந்தன. பொங்கல் விழா நடந்தது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். குடியிருப்பில் துப்புரவுப் பணி இரண்டு முறை நடந்தது. இரண்டாவது முறை மழை. எஸ்.பி.எம். தேர்வு எழுதும் மாணவர்களுக்கான வார இறுதி வகுப்பு தொடர்கிறது. தீபாவளிக்கு முதியவர்களுக்கு அன்பளிப்புப் பை கொடுத்தோம். தீபாவளி விருந்து நடந்தது. அதைப் பற்றிப் பின்னால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

இனி, ஆண்டின் முக்கிய வேலைக்கு வருகிறேன். ‘பெண்கள், சிறுமிகள் மீதான வன்முறையைத் தடுக்க மக்கள் பிரதிநிதிகள் என்ன செய்யலாம்’ என்ற தலைப்பில் நாம் நடத்திய சந்திப்பு அது. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏனெனில் சந்திப்புக்கு வராதவர்கள்தான் இதைப் பற்றி வாட்சாப் குழுவில் மிக விரிவாக எழுதினார்கள்.

ஆண்டுதோறும் மகளிர் தினத்தை ஒட்டி ஒரு மக்கள் பிரதிநிதியை அழைப்பது நம் வழக்கம். வருவார், ரோஜாப்பூ கொடுப்பார், பரிசுக்கூடை கொடுப்பார், படம் எடுத்துக்கொள்வார், அடுத்த நிகழ்ச்சிக்குப் புறப்பட்டுவிடுவார். 2024 மார்ச் 8ஆம் தேதியும் அப்படித்தான் போனது. பாலியல் தொல்லைக்கு எதிரான தீர்ப்பாயம் மலேசியாவில் செயல்படத் தொடங்கியது அதே நாளில்தான். வழக்கறிஞர் வைத்துக்கொள்ளாமலேயே ஒரு பெண் அங்கே முறையிடலாம். 2,50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. நம் மண்டபத்தில் இருந்த பெண்களில் பாதிப் பேர் பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்கள். மேற்பார்வையாளரின் கையைத் தட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்த கதை அவர்களில் பலரிடம் உண்டு. அன்று அவர்களுக்குக் கிடைத்தது ஒரு பூ. தீர்ப்பாயத்தைப் பற்றி மேடையிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

அந்த இரவே தலைவரிடம் சொன்னேன்: அடுத்த முறை ஒய்.பி., அதாவது மக்கள் பிரதிநிதி, வந்தால் பேச்சு வேண்டாம், பூவும் வேண்டாம். உட்கார்ந்து நம் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். தலைவர் உடனே ஒப்புக்கொண்டார். செயலவையில் எல்லாரும் அப்படி இல்லை. “அவரைச் சங்கடப்படுத்தினால் மானியம் நின்றுவிடும்” என்றார் ஒருவர். “இது குடும்ப விஷயம், சங்கம் தலையிடக் கூடாது” என்றார் இன்னொருவர். மகளிர் பிரிவு பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுக்கப் பார்த்தவர்களும் உண்டு. அடிப்பவர்கள் மகளிர் பிரிவில் இல்லையே என்று நான் கேட்டது கூட்டக் குறிப்பில் இருக்கிறது; அதை நீக்கும்படி வந்த கோரிக்கை ஏற்கப்படவில்லை.

நவம்பர் 25 உலகெங்கும் பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் நாளாகக் கடைப்பிடிக்கப்படுவதால், அந்த வாரத்திலேயே சந்திப்பை வைத்தோம். சட்டமன்ற உறுப்பினர் வந்தார். நாடாளுமன்ற உறுப்பினர் வர இயலாமல் உதவியாளரை அனுப்பினார். நம் ஆண் உறுப்பினர்களில் பலர் மண்டபத்துக்கு வந்திருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் வாசலைத் தாண்டி வரவில்லை. மோட்டார் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள், உணவுப் பொட்டலம் திறந்ததும் உள்ளே வந்துவிட்டார்கள்.

சட்டமன்ற உறுப்பினரான ஒய்.பி. முதலில் சொன்ன பதிலை எதிர்பார்த்தே போயிருந்தேன். போலீஸ், நீதிமன்றம், மருத்துவமனை எல்லாம் கூட்டரசின், அதாவது மத்திய அரசின், கையில் இருக்கின்றன, மாநிலத்தால் என்ன செய்ய முடியும் என்றார். அவரிடம் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையை நீட்டினேன். போலீசும் குற்றவியல் சட்டமும் கூட்டரசுப் பட்டியலில் இருப்பது சரிதான். ஆனால் சமூக நலமும், பெண்கள், குழந்தைகள், இளையோர் பாதுகாப்பும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. அதுவும் அந்தப் பட்டியலின் முதல் இனத்திலேயே. கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் சேர்ந்த பொறுப்பு அது. ஊராட்சியோ முழுக்க மாநிலத்தினுடையது. மாநகர் மன்ற உறுப்பினர்களை நியமிப்பதே மாநில அரசுதான். ஆகவே தொழிற்சாலை பஸ் இறக்கிவிடும் இடத்தில் விளக்கு எரியாததற்குக் கூட்டரசு அலுவலகங்கள் இருக்கும் புத்ராஜெயாவைக் கை காட்ட முடியாது. நானும் பல ஆண்டுகள் இரண்டாம் ஷிப்ட் முடிந்து அந்த பஸ்ஸில் வந்து இறங்கியவள். இருட்டில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் படியிலிருந்து காலை எடுப்போம்.

இதில் பினாங்குக்கு முன்னனுபவமும் இருக்கிறது. 2012இல் தீவில் ஜாலான் சுங்கை, பெருநிலத்தில் அம்பாங்கான் ஆகிய இரண்டு மக்கள் குடியிருப்புகளில், மன்றத்தின் பணத்தை எதில் செலவிடலாம் என்று குடியிருப்பாளர்களையே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். பெண்களைத் தனியாகக் கேட்டால் வேறு பதில் வருகிறது என்பதுதான் அந்த முயற்சியின் அடிப்படை. நம் குடியிருப்பில் கேட்டிருந்தால் மூன்றாவது ‘வரவேற்கிறோம்’ வளைவு வந்திருக்காது.

நாடாளுமன்ற உறுப்பினரின் உதவியாளர், சட்டங்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன என்றார். இருக்கின்றன, யார் இல்லை என்றார்கள்? குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறியது. நடைமுறைக்கு வந்தது 1996 ஜூனில். இடைப்பட்ட காலத்தில் அடி வாங்கியவர்களுக்கு அந்தச் சட்டம் வெறும் தாள். பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டம் 2022இல் நிறைவேறி, தீர்ப்பாயத்தின் கதவு திறக்க 2024 ஆனது. ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்ந்து அச்சுறுத்துவது தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவாகி நடைமுறைக்கு வந்ததே 2023 மே மாதக் கடைசியில்தான். அதற்கு முன்பு புகார் கொடுக்கப் போன பெண்ணிடம், “அவன் உன்னைத் தொட்டானா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பிய கதைகள் நமக்குத் தெரியும். வாக்களித்துச் சட்டத்தை நிறைவேற்றியதோடு உறுப்பினரின் வேலை முடிவதில்லை. எப்போது நடைமுறைக்கு வரும், எத்தனை நல அதிகாரிகள் இருக்கிறார்கள், வரவுசெலவுத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கினீர்கள், நம் தொகுதிக்குப் பக்கத்தில் பாதுகாப்பு இல்லம் எங்கே என்று அவை கூடும்போதெல்லாம் எழுந்து கேட்க வேண்டும். அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டிய இடம் அது ஒன்றுதான். வீட்டு வரவேற்பறையில் நாம் கேட்டால் யார் பதில் சொல்வார்கள்?

அடுத்துச் சொல்வதை வாட்சாப் குழுவில் சிலர் ‘தேவையில்லாத அவதூறு’ என்றார்கள். அவதூறு அல்ல, பெயர் எதையும் நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லப்போவதில்லை. கணவனிடம் அடி வாங்கிய பெண் முதலில் போலீஸ் நிலையத்துக்குப் போவதில்லை. மலாயில் புகார் எழுதிக் கொடுக்கத் தயக்கம், சீருடையைக் கண்டால் பயம். அவள் அறிந்த ஒரே அரசாங்க வாசல் மக்கள் பிரதிநிதியின் சேவை மையம்தான். வீட்டுக்கும் உதவித்தொகைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் கடிதம் வாங்க அங்கேதான் போயிருப்பாள். அங்கே மேசைக்குப் பின்னால் இருப்பவர் நல்ல மனத்தோடு கணவனையும் வரவழைத்து, தேநீர் கொடுத்து, “அடிக்கிற கைதான் அணைக்கும்” என்று இருவரையும் ஒரே காரில் அனுப்பிவைக்கிறார். அன்று இரவு வீட்டில் என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெளியில் போய்ச் சொன்னதற்கும் சேர்த்து வாங்குவாள். நம் குடியிருப்பிலேயே இப்படி நடந்திருக்கிறது.

அந்த மேசையில் இருப்பவர் அறிந்திருக்க வேண்டியது அதிகம் இல்லை. 2018 முதல் அவசரப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று இருக்கிறது. அதைச் சமூக நல அதிகாரியே கொடுக்கலாம்; ஏழு நாள் செல்லும்; போலீஸ் புகார் இல்லாமலும் பெறலாம். அந்த ஏழு நாளில் புகாரும் கொடுத்துவிட்டால், விசாரணை முடியும்வரை இடைக்காலப் பாதுகாப்பு ஆணைக்கு நீதிமன்றத்தில் வழி இருக்கிறது. தாலியான் காசிஹ் என்னும் உதவித் தொலைபேசி எண் 15999 இரவும் பகலும் இயங்குகிறது. அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவில் இதற்கென்று தனிச் சேவை மையம் உண்டு; 1994இல் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கிப் பிறகு மற்ற மருத்துவமனைகளுக்குப் பரவியது. இங்கே பினாங்கில் 1985 முதல் டபிள்யூ.சி.சி. என்னும் மகளிர் மையம் ஆலோசனை கொடுத்து வருகிறது. ஒரு தாளில் அடங்கிவிடும் செய்திகள் இவை. அந்தத் தாளை அச்சிட்டுத் தமிழிலும் மலாயிலும் கொடுத்ததற்கான செலவைத்தான் ‘வீண்’ என்றார்கள். தீபாவளி விருந்தின் ஒலிபெருக்கி வாடகையைவிட அது குறைவு.

அந்த விருந்தைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். அறிவிப்பாளர் மேடையில், மனைவியை எப்படி ‘அடக்கி வைப்பது’ என்று வரிசையாக நகைச்சுவை சொன்னார். முதல் வரிசையில் இருந்த ஒய்.பி. சிரித்தார். அவர் சிரித்ததும் மண்டபமே சிரித்தது. சந்திப்பில் இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். 2007இல் நாடாளுமன்றத்துக்குள்ளேயே ஒரு பெண் உறுப்பினரின் மாதவிலக்கைச் சுட்டிக் கேலி பேசினார்கள், நாடே கொதித்தது. இன்று மக்களவையின் 36(4) கட்டளை விதி பெண்ணை இழிவுபடுத்தும் பேச்சைத் தடுக்கிறது. அவைக்குள் பேசக் கூடாததை நம் மண்டபத்தில் கேட்டுச் சிரிக்கலாமா? பதவியில் இருப்பவர் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும், அறிவிப்பாளர் அடுத்த நகைச்சுவைக்குப் போகமாட்டார். இதற்கு ஒரு காசு ஒதுக்கீடும் வேண்டாம். ஒய்.பி. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நீங்கள் சொல்வது சரி” என்றார். அவரைப் பாராட்டுகிறேன், நம் செயலவையில் இன்னும் யாரும் அதைச் சொல்லவில்லை.

சந்திப்பின் முடிவில் அவர் மூன்று வாக்குறுதிகளில் கையெழுத்திட்டார். பஸ் நிறுத்த விளக்குகள், சேவை மைய ஊழியர்களுக்குப் பயிற்சி, நல அதிகாரிகளின் எண்ணிக்கை பற்றி மாநிலச் சட்டமன்றத்தில் ஒரு கேள்வி. விளக்குகள் விரைவிலேயே எரிந்தன, நன்றி. பயிற்சி ‘ஏற்பாட்டில்’ இருக்கிறது. கேள்வியைப் பற்றி நினைவூட்டி எழுதினேன். கடிதம் கிடைத்ததாகப் பதில் வந்திருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினரிடமிருந்து மகளிர் தின வாழ்த்து வந்திருக்கிறது.

சிறுமிகளைப் பற்றிச் சுருக்கமாக. 2017ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். வார இறுதி வகுப்பு நடத்தும் நமக்கும் அது பொருந்தும். வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்ற புதிய விதி அதனால்தான் வந்தது. எந்த ஆசிரியர் மீதும் சந்தேகத்தால் அல்ல. மனத்தாங்கல் கொண்டு வகுப்பை விட்டுப் போனவர் திரும்பி வந்தால் மகிழ்வோம். விதி இருக்கும்.

கணக்கைப் பொருளாளர் விரிவாகச் சொல்வார். என் அளவில், வரவு செலவைவிடச் சற்றுக் கூடுதல். வங்கியில் இருப்பது கவலைப்படும்படியும் இல்லை, பெருமைப்படும்படியும் இல்லை. இந்த நிலைக்குக் காரணம் நன்கொடையாளர்கள், சந்தா அல்ல. உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டவில்லை. சிலருக்குச் சென்ற ஆண்டுப் பாக்கியும் உண்டு. பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் அது என் கோப்பில் இருக்கிறது. வாட்சாப் குழுவில் செலவுக்குக் கணக்குக் கேட்டவர்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை.

மண்டபம் கொடுத்த ஆலய நிர்வாகத்துக்கும், தண்ணீர்ப் பந்தலுக்குப் பால் கொடுத்த கடைக்காரருக்கும், தாளை மலாயில் திருத்திக் கொடுத்த ஓய்வு பெற்ற ஆசிரியைக்கும், சமைத்த கைகளுக்கும், உள் கணக்காய்வாளர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இரண்டு வேலைகள் பாக்கி இருக்கின்றன. சட்டமன்றக் கேள்வி எழும்வரை எழுதிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். அடுத்த தேர்தலில் வேட்பாளர்கள் நம் வீட்டுப் படியேறும்போது, கட்சி எதுவானாலும் இதே கேள்விகளைக் கேட்க ஒவ்வொரு மாடியிலும் ஒருவர் வேண்டும். செயலாளர் பதவிக்கு இதுவரை வேறு வேட்பாளர் பெயர் வரவில்லை என்று அறிகிறேன். எனக்கு முழங்கால் வலி; பேரப்பிள்ளைகள் வேறு. இளையவர் ஒருவர், ஆணாக இருந்தாலும் சரி, முன்வந்தால் கோப்புகளை மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். வரவில்லை என்றால் கோப்புகள் என் வீட்டிலேயே இருக்கும். அந்தப் பெயர்ப் பட்டியலும் அவற்றில் ஒன்று.

பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவு இலாகாவுக்கு ஆண்டு விவரங்களை அனுப்ப வேண்டும். முகவரி மாறியவர்கள் இன்றே தெரிவிக்கவும். பொருளாளர் வாசலுக்கு அருகில், உணவு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்
பிறை, பினாங்கு