வைகையில் ஏறும் லேப்டாப்

பாளையங்கோட்டை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்து விஷயத்தில் மட்டும் நீ பக்கத்தில் நின்று பார்த்துக்கொள். "இப்பத்தான் போட்டேன்" என்று சொல்லியே ஏமாற்றிவிடுவார்கள், சின்ன வயதிலிருந்து எனக்கு அவர்களைத் தெரியாதா? இங்கே எல்லாரும் சுகம். காலேஜில் புது செமஸ்டர் தொடங்கிவிட்டது. லேபில் பாதி மெஷின் மக்கர் செய்கிறது, மீதிப் பாதியைப் பிள்ளைகள் மக்கர் செய்ய வைக்கிறார்கள். வீட்டில் மருமகன் வந்து போனார். தாமிரபரணியில் தண்ணீர் நன்றாக ஓடுகிறது.

இனி உன் லேப்டாப் விஷயம். பையன் பெங்களூர் போகும்போது விட்டுப்போன கேமிங் லேப்டாப்பில் கணக்கு பார்க்கிறாய். மதுரையில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறி எக்செல்லைத் திறந்தால் திருச்சி வருவதற்குள் சார்ஜ் தீர்ந்துபோகிறது. "எச் புராசசர் அப்படித்தான் சார் குடிக்கும்" என்று கடைக்காரர் கை விரித்துவிட்டார். புது பேட்டரி போடவா, புது லேப்டாப் வாங்கவா என்று கேட்டிருக்கிறாய். பொறு, ரெண்டும் இப்போது வேண்டாம்.

நீ கணக்குக்காரன், கணக்காகவே சொல்கிறேன். பேட்டரியின் கொள்ளளவு வாட்-மணியில் இருக்கும். உன்னுடையது 50 என்று வைத்துக்கொள். மெஷின் 25 வாட் இழுத்தால் ரெண்டு மணி நேரம், 8 வாட் இழுத்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல். பெரிய பேட்டரியாகப் போட்டு ஜெயிக்கலாம் என்றால் அதற்கும் வரம்பு உண்டு. தனி அனுமதி இல்லாமல் விமானத்தில் கொண்டுபோக 100 வாட்-மணிதான் எல்லை என்பதால், எவ்வளவு விலையுள்ள லேப்டாப்பிலும் 100-ஐத் தாண்டிப் பார்ப்பது அபூர்வம். ஆகவே இழுப்பைக் குறைப்பதுதான் வழி. எக்செல்லில் ஒரு எண்ணை அடித்துவிட்டு அடுத்த எண்ணை யோசிக்கிறாயே, அந்த இடைவெளியில் மெஷின் எவ்வளவு இழுக்கிறது? பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தச் சும்மா இருக்கும் நேரம்தான்.

இந்த இடத்தில்தான் கடைக்காரரோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. இன்டெலின் 12-ம் தலைமுறையில் பெயர் யூ என்று முடியும் சிப்புக்கு வழக்கமாக 15 வாட், எச் என்று முடிவதற்கு 45 வாட் என்று போட்டிருப்பார்கள். எப்போதும் அவ்வளவு இழுக்கும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. நீண்ட நேரம் முழு மூச்சில் வேலை செய்யும்போது உள்ள அளவு அது. கொஞ்ச நேரத்துக்கு அதையும் தாண்டும்: ஐ5-1235யூ 55 வாட் வரை போகும், ஐ5-12450எச் 95 வரை போகும். ஆனால் வேலை இல்லாதபோது ரெண்டுமே உறங்கிவிடும், ரெண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருக்காது. எச் சிப்பின் தொந்தரவு என்னவென்றால், சின்ன வேலைக்கும் சட்டென்று உச்ச வேகத்துக்குத் தாவும். வேகத்தை ஏற்ற மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டும், செலவோ அழுத்தத்தின் வர்க்கத்தில் ஏறும். கடைசியாகக் கிடைக்கும் கொஞ்ச வேகத்துக்குத்தான் அநியாய விலை. பேட்டரியில் ஓடும்போது விண்டோஸ் பவர் செட்டிங்கில் சிக்கன மோடைப் போடு. பவர் பிளானில் "மேக்சிமம் புராசசர் ஸ்டேட்" என்று ஒன்று இருந்தால் 99 சதவீதமாக மாற்று. டர்போ, அதாவது அந்த உச்ச வேகத் தாவல், நின்றுவிடும், எக்செல்லில் உனக்கு வித்தியாசமே தெரியாது.

நான் சந்தேகப்படுவது அந்தத் தனி கிராபிக்ஸ் கார்டை. என்விடியா கம்பெனியின் ஆர்டிஎக்ஸ் 3050 என்று எழுதியிருந்தாய். உன் மெஷினில் திரைக்குப் படம் போட ரெண்டு பேர் இருக்கிறார்கள். புராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸ் ஒன்று, தனியாக இருக்கும் என்விடியா ஒன்று. எக்செல்லுக்கும் பிரவுசருக்கும் முதல் ஆளே தாராளம். ரெண்டாவது ஆள் முழுக்க அணைந்து கிடக்க வேண்டும். அது விழித்திருந்தால், ஒரு வேலையும் செய்யாவிட்டாலும், தன் மெமரியோடு சேர்ந்து பத்து வாட் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு டம்ளர் டீக்குக் கல்யாண அடுப்பை மூட்டிவைத்த மாதிரி.

இந்த ரெட்டை ஏற்பாட்டுக்கு ஒரு கதை உண்டு. 2006-ல் சோனி வயோ எஸ்இசட் என்ற லேப்டாப்பில் இதற்காகவே ஒரு சுவிட்ச் இருந்தது. ஒரு பக்கம் "ஸ்டாமினா", மறுபக்கம் "ஸ்பீட்". மாற்றினால் மெஷினை அணைத்துத் திரும்பப் போட வேண்டும். யார் அந்தப் பாடு படுவார்கள்? 2010-ல் என்விடியா "ஆப்டிமஸ்" கொண்டுவந்தது. தேவைப்படும்போது கார்டு தானே எழும், போட்ட படத்தை உள் கிராபிக்ஸ் வழியாகத் திரைக்கு அனுப்பும், வேலை முடிந்ததும் அணையும். நல்ல யோசனைதான், எந்த புரோகிராமும் அதைத் தட்டி எழுப்பாதவரை.

உன் மெஷினில் யாரோ எழுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். கண்டுபிடிப்பது எளிது. என்விடியா கன்ட்ரோல் பேனலில், மேலே டெஸ்க்டாப் மெனுவில், கார்டின் நடமாட்டத்தைக் காட்டும் ஐகானை மூலையில் வைக்க ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு ஐகானைத் தொட்டால், இப்போது கார்டைப் பிடித்துவைத்திருக்கும் புரோகிராம்களின் பெயர் வரும். திரை முழுக்க மழை பெய்கிற மாதிரி அசையும் வால்பேப்பர் ஒன்று இருப்பதாக ரசித்து எழுதியிருந்தாயே, எனக்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான். அடுத்தது, பையன் போட்டுவைத்த கேம் கடைகளின் புரோகிராம்கள், மெஷினை ஆன் செய்ததுமே தானாக எழுந்து உட்காருபவை. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் கிராபிக்ஸ் என்ற பகுதிக்குப் போனால் ஒவ்வொரு புரோகிராமுக்கும் எந்த கிராபிக்ஸ் என்று நீயே எழுதி வைக்கலாம். பிரவுசருக்குச் சிக்கனமானதைக் கொடு.

இன்னொன்றையும் பார். கேம் வேகமாக ஓடுவதற்காகத் திரையை நேராக என்விடியாவோடு இணைக்கும் வசதி சில கேமிங் லேப்டாப்பில் உண்டு, "மக்ஸ்" என்பார்கள். பையன் அப்படி மாற்றிவைத்திருந்தால் கார்டு தூங்கவே முடியாது, மேலே சொன்ன எதுவும் பலிக்காது. கம்பெனிக்காரர்களின் ஆப்பில் "ஹைப்ரிட்" என்று இருப்பதைத் தேர்ந்தெடு. பல கேமிங் மெஷின்களில் எச்டிஎம்ஐ ஓட்டையும் அந்தக் கார்டோடுதான் சேர்ந்திருக்கும். சென்னை ஆபீசில் பெரிய மானிட்டரை மாட்டினால் கார்டு எழத்தான் செய்யும், அங்கே பிளக் இருக்கிறது, பரவாயில்லை. திரை நொடிக்கு 144 தடவை படத்தை மாற்றும், அந்த 144 ஹெர்ட்ஸையும் பயணத்தில் 60-க்கு இறக்கிவிடு. பேலன்ஸ் ஷீட் அவ்வளவு வேகமாகவா ஓடுகிறது?

படம் பார்த்தால் சார்ஜ் சீக்கிரம் போகுமா என்று கேட்டிருந்தாய். சுருக்கி வரும் வீடியோவைப் பிரிக்க உள் கிராபிக்ஸிலேயே தனிப் பகுதி இருக்கிறது, செலவு ரொம்பக் கம்மி. யூடியூப் இப்போது நிறைய அனுப்பும் ஏவி1 வகையையும் இன்டெல் 2020-ல் வந்த 11-ம் தலைமுறையிலிருந்து அதிலேயே பிரிக்கிறது. தாராளமாகப் பழைய படம் பார். பத்து டேப் திறந்துவைத்த பிரவுசர் அதைவிட அதிகம் சாப்பிடும்.

இவ்வளவும் செய்தால் விழுப்புரம் வரை வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். எழும்பூர் வரை வேண்டும் என்றால் அந்த மெஷினால் ஆகாது, பிறவியிலேயே அது வேறு வேலைக்கு வந்தது. அப்போது தனி கிராபிக்ஸ் இல்லாததாக ஒன்று வாங்கு. சிப்பை மாற்றினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஆப்பிள் நல்ல சாட்சி. 2020 ஆரம்பத்தில் வந்த மேக்புக் ஏரில் இன்டெல் சிப், 49.9 வாட்-மணி பேட்டரி, இணையம் பார்க்க 11 மணி நேரம் என்றார்கள். அதே வருஷம் நவம்பரில் எம்1 சிப்போடு வந்ததிலும் அதே 49.9 தான், ஆனால் 15 மணி நேரம். ஃபேன்கூட இல்லை. கம்பெனி சொல்லும் மணி நேரத்தை நான் முழுசாக நம்புகிறவன் இல்லை, ரெண்டையும் ஒரே ஆள் அளந்ததால் ஒப்பிடலாம். சிப்புக்குள் வேலை செய்யும் தனித்தனி மூளைதான் கோர்; எம்1-இல் வேகக் கோர் நான்கு, சிக்கனக் கோர் நான்கு. சில்லறை வேலையெல்லாம் சிக்கனக் கோருக்குப் போய்விடும்.

இன்டெல்லும் இந்தப் பாடத்தை ஒருமுறை தானே நடத்தியது. நாம் பென்டியம் 4 சிப்பின் துடிப்பு வேகத்தை, அந்தக் கிகாஹெர்ட்ஸைப் பார்த்து வாயைப் பிளந்த காலத்தில், 2003 மார்ச்சில், இஸ்ரேலின் ஹைஃபாவில் இருந்த அவர்கள் குழு பென்டியம் எம் கொண்டுவந்தது. கிகாஹெர்ட்ஸ் குறைவு, வேலையோ அதிகக் கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-க்கு ஈடு, செலவு 24.5 வாட். இப்போது மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். 2024-ல் வந்த கோர் அல்ட்ராவில், எண்ணுக்குப் பின்னால் வி என்று முடிபவற்றில், மெமரியையும் சிப்போடு ஒரே பொதிக்குள் வைத்துவிட்டார்கள். பேட்டரிக்கு நல்லது, பின்னாளில் மெமரி கூட்ட முடியாது, வாங்கும்போதே யோசித்து வாங்க வேண்டும். உனக்கு டாலியும் எக்செல்லும்தான் என்பதால் யூ என்று முடியும் இன்டெல்லோ ரைசனோ போதும். எச்சைவிடப் பெரிய எச்எக்ஸ் பக்கமே போகாதே. டாலிக்காக மேக் வாங்கி விண்டோஸைத் தேடி அலையாதே.

எதையும் வாங்குமுன் உன் பேட்டரியின் ஆரோக்கியத்தைப் பார்த்துவிடலாம். பிறந்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது நிரம்பும் கொள்ளளவு ரெண்டையும் விண்டோஸே ஒரு ரிப்போர்ட்டாகத் தரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணு, என்ன அடிக்க வேண்டும் என்று சொல்கிறேன். பாதிக்குப் பாதி என்றால் பேட்டரியையும் மாற்றத்தான் வேண்டும். வால்பேப்பரை எடுக்குமுன் பையனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். தீபாவளிக்கு வந்து, எங்கே என் மழை என்று கேட்பான்.

உன்,
கண்ணன்