கல் என்னுடையது, ஒப்பந்தம் யாருடையது? தமிழ்நாட்டு மாநகராட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் 25 மாநகராட்சிகளின் மேயர்களுக்கும், ஆணையர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் பேவர் பிளாக் செய்கிறவள். உங்கள் ஊர் நடைபாதையிலும் பூங்காவிலும் முட்டுச்சந்திலும் பதித்திருக்கிறார்களே, அந்த சிமென்ட் கல். ஒரு மாநகராட்சி எல்லைக்குக் கொஞ்சம் வெளியே, வாடகை நிலத்தில் பட்டறை. ஒரு மிக்சர், இரண்டு வைப்ரேட்டர் மேசை, பதினொரு ஆட்கள். அதில் ஏழு பேர் பெண்கள். பதினான்கு வருடமாக ஓடுகிறது. எந்த மாநகராட்சி என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு அந்த ஒரு ஊரோடு முடிந்துவிடும். பக்கத்து ஊர்களில் இதே தொழில் செய்கிறவர்களிடம் கேட்டால் ஊர் பெயரைத் தவிர வேறு எதுவும் மாறுவதில்லை.

போன வருடம் ஒரு நாள் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். பட்டறைக்கு நாலு தெரு தள்ளி ஒரு சந்தில் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்திப் பார்த்தேன். என் கல். சிவப்பு ஆக்சைடை நான் கொஞ்சம் குறைத்துத்தான் போடுவேன், அதனால் பழைய செங்கல் நிறம் வரும். அது என் கண்ணுக்குத் தப்பாது. சந்து முனையில் பலகை. பணியின் பெயர், மதிப்பீடு, ஒப்பந்ததாரர் பெயர். ஒப்பந்ததாரர் இரண்டு மாவட்டம் தள்ளி இருப்பவர். அவர் ஒருவருக்கு சப், அதாவது துணை ஒப்பந்தம், கொடுத்திருக்கிறார், அந்த சப் என்னிடம் கல் எடுத்திருக்கிறார். பட்டறையிலிருந்து சத்தம் போட்டுக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்துக்கு என் கல் இரண்டு கை மாறி வந்திருந்தது. அந்தக் கல்லுக்குப் பணம் ஐந்து மாதம் கழித்து, மூன்று தவணையில் வந்தது.

நீயே டெண்டர் போட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். போட்டுப் பார்க்காமல் இல்லை. முதல் தடவை டெண்டர் பிரிவுக்குப் போனபோது, “வீட்டுக்காரர் வரலையாம்மா?” என்றுதான் கேட்டார்கள். அவர் கணக்கு வாத்தியார். மிக்சரில் எத்தனை சட்டி ஜல்லி போகும் என்று அவருக்குத் தெரியாது. சரி, அதை விடுங்கள், அது பழகிவிட்டது. பழகாதது டெண்டரின் மூன்றாம் பக்கம். நாற்பதுக்கு மேற்பட்ட தெருக்களை ஒரே பேக்கேஜாகக் கட்டியிருந்தார்கள். கடந்த சில வருடங்களில் இதே மாதிரி வேலையை, மதிப்பீட்டில் பாதிக்கு மேல், ஒரே ஆர்டரில் முடித்திருக்க வேண்டும். அதற்கேற்ற டர்ன்ஓவர் வேண்டும். கடனைத் தாங்கும் சொத்து இருக்கிறது என்று காட்டும் சால்வன்சி சான்றிதழ் வேண்டும். ஈ.எம்.டி. என்கிற முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும், ஜெயித்தால் அதற்கு மேல் காப்புத்தொகை. ஒரே ஒரு தெருவை என்னிடம் கொடுத்தால் நாளைக்கே ஆரம்பிப்பேன். நாற்பது தெருவை ஒரு மூட்டையாகக் கட்டி வைத்தால் அந்த மூட்டையைத் தூக்கக் கூடியவர்கள் மாவட்டத்துக்கு நாலைந்து பேர்தான். அந்த நாலைந்து பேரை உங்களுக்கும் தெரியும்.

இதனால் கல்லுக்கு என்ன ஆகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என் பிரச்சினை மட்டும் இல்லை. பேவர் கல்லில் ஏமாற்றுவது ரொம்ப சுலபம். சிமென்ட்டைக் குறைக்கலாம், எம்-சாண்டில் தூசியை அப்படியே விடலாம், அச்சிலிருந்து எடுத்த மூன்றாம் நாளே லாரியில் ஏற்றலாம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த மழை முடிந்ததும் முனை உதிரும், மேல்தோல் உரியும். ஒழுங்காக ஈரச்சாக்கு போட்டு, காலை மாலை தண்ணீர் விட்டு, நாள் கணக்கில் காக்க வேண்டும். எங்கள் பெண்கள் இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார்கள். ‘டங்’ என்றால் ஏற்று, ‘டொக்’ என்றால் ஒதுக்கு. லேப் சோதனைக்கு அனுப்புவதற்கு முன்பே பாதி முடிவு அங்கே தெரிந்துவிடும். இப்போது நடுவில் இரண்டு பேர் லாபம் எடுக்கிறார்கள் என்றால் அந்தக் காசு எங்கேயாவது குறைய வேண்டும். ஒப்பந்ததாரர் லாபத்தில் குறையாது. சிமென்ட்டில்தான் குறையும். “விலையைக் குறைங்கம்மா, சாக்கை எடுங்க, நாளைக்கு லோடு வேணும்” என்று எனக்கு வராத போன் இல்லை. முடியாது என்று சொன்ன மாதங்களில் பட்டறை பாதி நாள்தான் ஓடியிருக்கிறது.

இனி உங்கள் பக்கம் வருகிறேன். 2022 நகர்ப்புறத் தேர்தலில் அன்றிருந்த 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. சென்னையும் தாம்பரமும் பட்டியலினப் பெண்களுக்கு, ஆவடி பட்டியலினப் பொதுவுக்கு. வார்டுகளில் பாதி பெண்களுக்கு. டிவி முன்னால் உட்கார்ந்து கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. பட்ஜெட்டுக்குக் கை தூக்குகிற நாற்காலியில் ஒதுக்கீடு வந்துவிட்டது. அந்த பட்ஜெட் பணம் எந்தப் பட்டறைக்குப் போகிறது என்கிற இடத்தில் எந்த ஒதுக்கீட்டையும் நான் பார்க்கவில்லை. பதினான்கு வருடத்தில் நான் புரட்டிய மாநகராட்சி டெண்டர் எதிலும் ‘பெண் நடத்தும் நிறுவனம்’ என்று ஒரு வரி என் கண்ணில் பட்டதில்லை.

இந்த வரி இந்தியாவுக்குப் புதிது இல்லை. மத்திய அரசு 2012இல் குறு, சிறு நிறுவனங்களுக்கான கொள்முதல் ஆணையைக் கொண்டுவந்தது. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 20 சதவீதம் இவர்களிடம் வாங்க வேண்டும் என்றார்கள். 2018இல் அதைத் திருத்தி 25 சதவீதமாக்கினார்கள். அதற்குள் 4 சதவீதம் பட்டியலினத்தவர், பழங்குடியினர் நிறுவனங்களுக்கு, 3 சதவீதம் பெண்களுக்கு. டெண்டர் படிவம் இலவசம், ஈ.எம்.டி. கிடையாது. குறைந்த விலை சொன்னவரைவிட 15 சதவீதத்துக்குள் நாங்கள் கூடச் சொல்லியிருந்தால், அவர் விலைக்கே கொடுக்கச் சம்மதமா என்று கேட்டு எங்களுக்கும் ஒரு பங்கு தர வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது மாநகராட்சிகளைக் கட்டுப்படுத்தாது. கட்டுமான ஒப்பந்த வேலைகளுக்கும் பொருந்தாது. ரயில்வே என்னிடம் நேரடியாகக் கல் வாங்கினால் எனக்குச் சலுகை உண்டு, என் தெருவுக்கு நானே கல் பதிக்க வேண்டும் என்றால் இல்லை.

ஒப்பந்த வேலையிலும் இதைச் செய்ய முடியும் என்று ஓசூரைத் தாண்டினால் பார்க்கலாம். கர்நாடகம் தன் கொள்முதல் சட்டத்தைத் திருத்தி, 2017இலிருந்து 50 லட்சம் ரூபாய் வரையிலான வேலைகளின் எண்ணிக்கையில் 17.15 சதவீதத்தைப் பட்டியலினத்தவருக்கும் 6.95 சதவீதத்தைப் பழங்குடியினருக்கும் ஒதுக்கியது. 2023இல் அந்த வரம்பு ஒரு கோடியானது. பிறகு பிற்படுத்தப்பட்டோரில் இரண்டு பிரிவுகள் சேர்ந்தன. 2025இல் முஸ்லிம்களுக்கு 4 சதவீதம் சேர்க்கும் மசோதா நிறைவேறி, ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியதோடு அரசியல் சூடு பிடித்தது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்கு அங்கே பிடித்தது ஒன்று: ஒதுக்கீடு சிறிய வேலைகளில் இருக்கிறது. ஒதுக்க வேண்டும் என்றால் முதலில் சிறிய வேலைகள் இருக்க வேண்டுமே! எல்லாவற்றையும் பத்து கோடி மூட்டையாகக் கட்டினால் 50 லட்சத்துக்கு ஒதுக்கீடு போட்டு என்ன பயன்? அப்புறம் ஒரு குறை: அந்தப் பட்டியலில் பெண்கள் என்று தனியாக ஒரு பிரிவைக் காணோம். நாம் செய்யும்போது அதையும் சேர்த்துச் செய்யலாம்.

அமெரிக்காவில் இதற்குப் பழைய உதாரணங்கள் உண்டு. 1974இல் அட்லாண்டாவின் முதல் கறுப்பின மேயராகப் பொறுப்பேற்ற மேனார்ட் ஜாக்சன், புதிய விமான நிலைய வேலைகளில் சிறுபான்மையினர் நிறுவனங்களுக்குப் பங்கு தராமல் கல் மேல் கல் வைக்க விடமாட்டேன் என்று நின்றார். வேலை தாமதமாகும், செலவு ஏறும் என்று நகரமே பயமுறுத்தியது. 1980இல் முனையம் திறந்தது. இன்று அந்த விமான நிலையத்தின் பெயரில் பாதி அவர் பெயர்.

அதே நாட்டின் ரிச்மண்ட் நகரத்தின் கதை இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே தோற்றார்கள். மக்கள்தொகையில் பாதி கறுப்பினத்தவர். ஐந்து வருடத்தில் நகரம் கொடுத்த நேரடிக் கட்டுமான ஒப்பந்தங்களில் சிறுபான்மையினருக்குப் போனது 0.67 சதவீதம். நகர மன்றம் 30 சதவீதத் துணை ஒப்பந்தம் அவர்களுக்குத் தர வேண்டும் என்று 1983இல் விதி போட்டது. நகரச் சிறைக்குக் கழிவறைத் தொட்டி பொருத்துகிற டெண்டரில் ஒரு நிறுவனம் அதை எதிர்த்து வழக்குப் போட்டது. 1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விதியை ரத்து செய்துவிட்டது. நியாயம் இருந்தால் போதாது, உங்கள் ஊரில் இந்தத் தொழிலில் இத்தனை பேர் தகுதியோடு இருந்தும் ஒதுக்கி வைக்கப்பட்டார்கள் என்று கணக்கு காட்ட வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். அதற்குப் பிறகு அங்கே நகரங்கள் முதலில் கணக்கெடுத்துவிட்டுத்தான் விதி போடுகின்றன. நம் சட்டம் வேறு, நம் நீதிமன்றம் வேறு. ஆனால் கணக்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒப்பந்ததாரர் பதிவு உங்களிடம் இருக்கிறது, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவில் உரிமையாளர் ஆணா பெண்ணா, எந்தப் பிரிவு என்று எல்லாம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குக் கோடி ரூபாய் திட்டம் வேண்டாம். ஒரு கணினியும் ஒரு மாதமும் போதும்.

பினாமி வரும் என்று சொல்வீர்கள். வரும். சிகாகோவில் ஒரு குடும்பம் அம்மாவைத் தலைவியாகக் காட்டிப் பெண்களுக்கான ஒதுக்கீட்டில் பெரிய பெரிய ஒப்பந்தங்களை அள்ளியது. மகன் 2005இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த அளவுக்கு அம்மா பாசம் நம்மூரிலும் உண்டு. மனைவி பெயரில் லைசென்ஸ் எடுத்து, செக்கில் மட்டும் அவர் கையெழுத்தை வாங்குகிறவர்களை எனக்கே தெரியும். இதைப் பிடிப்பது கஷ்டம் இல்லை. அளவெடுக்கிற நாளில் உரிமையாளர் தளத்துக்கு வரட்டும். எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தை அவர் முன்னால் திறந்து, கல்லுக்கு அடியில் எத்தனை அங்குலம் மணல் போட்டீர்கள் என்று இளநிலைப் பொறியாளர் கேட்கட்டும். நான் பதில் சொல்வேன். கையெழுத்து மட்டும் போடுகிறவர் வீட்டுக்குப் போன் போடுவார்.

கடன், மானியம் என்று நிறைய இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத முதலீட்டு மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி வரை. அதில் புது இயந்திரம் எடுக்க ஒரு தம்பி என்னிடம் யோசனை கேட்டு வந்தார். மிஷின் வாங்கு, ஆனால் யாருக்கு விற்பாய் என்று கேட்டேன். அவரும் என்னைப் போல அந்த சப்பிடம்தான் வந்து நிற்கப்போகிறார். ஒரு கை மிஷினுக்கு மானியம் கொடுக்கிறது, இன்னொரு கை டெண்டரில் கதவைச் சாத்துகிறது. அம்மா உணவகத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். 2013இல் சென்னையில் ஆரம்பித்தபோது சுயஉதவிக்குழுப் பெண்களை நம்பி ஒரு நகரத்துக்கே சோறு போட வைத்தீர்கள். அரிசி அளப்பதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை அவர்கள்தான். ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது தினக்கூலி. ஒப்பந்தம் என்ற சொல் வரும்போது மட்டும் பெண்களை யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

பில் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சரிசெய்யாமல் என்ன ஒதுக்கீடு கொடுத்தாலும் எங்களுக்குத் தூக்குக்கயிறுதான். 2006ஆம் வருடச் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. சென்னையிலும் திருச்சியிலும் மதுரையிலும் கோவையிலும் இதற்கென்றே மன்றம் இருக்கிறது. நான் அங்கே போனதில்லை. போனால் வட்டி வரும், அடுத்த ஆர்டர் வராது. பட்டறையில் சனிக்கிழமை சம்பளம். ஐந்து மாதக் கடனை ஐந்து வட்டிக்கு வாங்கித்தான் சனிக்கிழமையைத் தாண்டுகிறோம். பெரிய ஒப்பந்ததாரருக்கு பில் தாமதம் ஒரு எரிச்சல், எங்களுக்கு அது கழுத்தில் கிடப்பதை அடகுக்கடைக்கு அனுப்புகிற காரியம். எந்த பில் எந்த மேசையில், எத்தனை நாளாக இருக்கிறது என்று இணையத்தில் வரிசையாகப் போடுங்கள். சிறிய பில்களுக்குத் தனி வரிசை வைத்து முதலில் முடியுங்கள்.

நான் கேட்பது தானம் இல்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். தெருத் தெருவாகப் பிரித்த வேலை, அதில் பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் எழுத்தில் ஒரு பங்கு, முன் அனுபவத்துக்கு ஐம்பது லட்ச ஆர்டர் கேட்காமல் கல்லைச் சோதித்துப் பார்க்கிற ஒரு முறை. என் கல் லேப் சோதனையில் தோற்றால் திருப்பி அனுப்புங்கள், லாரி வாடகை என்னுடையது.

அடுத்த மாமன்றக் கூட்டத்துக்கு ஒரு கேள்வி மட்டும் அனுப்புகிறேன். எந்த உறுப்பினரும் இதை எடுத்துக்கொண்டு கேட்கலாம். 2022 மார்ச்சிலிருந்து இன்று வரை நம் மாநகராட்சி கொடுத்த வேலை உத்தரவுகள் எத்தனை? அதில் பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்குப் போனது எத்தனை, எத்தனை ரூபாய்? பட்டியலினத்தவர், பழங்குடியினர் நிறுவனங்களுக்கு எத்தனை? ஒரு பக்கத் தாளில் அடங்கும். அந்தத் தாளை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். நான் ஸ்கூட்டரில் வந்து படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செங்கல் நிறக் கல் செய்கிற ஒரு பட்டறைக்காரி