வர்ஜீனியா வாசகர்கள்

மாப்ளே,

உன் தளத்துக்கு வந்துபோகிறவர்களை சர்வர் குறித்து வைக்கும் லாக் கோப்பை நீ அனுப்பியிருந்தாயே, அது வந்து சேர்ந்தது. முழங்கால் வலி தேவலாம் என்று எழுதியிருந்தாய், நிம்மதி. மாடிப்படி ஏறுவதை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள். இங்கே சின்னவளுக்குக் கல்லூரி தொடங்கிவிட்டது. விடுதியில் சாப்பாடு சரியில்லை என்று தினமும் புலம்பல்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உன் மாடித்தோட்ட இணையதளத்துக்கு அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இவ்வளவு வாசகர்களா என்று கேட்டிருந்தாய். அங்கே ஆஷ்பர்ன் பக்கம் சர்வர்களை அடுக்கி வைத்த டேட்டா சென்டர்கள் குவிந்து கிடக்கின்றன. வருகிறவை பெரும்பாலும் தானாக இயங்கும் நிரல்களான பாட்கள்தான், ஆட்கள் இல்லை. நடத்தையிலேயே தெரிகிறது: ஒரு படத்தைக்கூட இறக்காமல், ஒரே நொடியில் பத்துப் பக்கம் கேட்கின்றன. சிலது வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளின் லாகின் பக்கத்தைத் தேடி, ‘பக்கம் இல்லை’ என்ற 404 வாங்கிக்கொண்டு போகிறது. உன் தளத்தில் வேர்ட்பிரஸே கிடையாது! கூகுளின் தேடல் பாட்டான கூகுள்பாட் என்று பெயர் போட்டு வருவதையும் அப்படியே நம்பாதே. வருகிறவர் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்ளும் யூசர் ஏஜென்ட் வரியில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அது வந்த ஐபி முகவரியை, எண்ணுக்குப் பெயர் சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸில் போட்டுப் பார், கூகுளின் பெயரில் முடிகிறதா என்று.

ஐபியை வைத்து ஊர் சொல்வதும் குத்துமதிப்புதான். ஐபிக்கு ஊர் சொல்லும் மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், அமெரிக்காவில் எங்கே என்று தெரியாத ஐபிகளுக்கெல்லாம் நாட்டின் நடுவில் ஒரு புள்ளியைக் குறித்து வைத்திருந்தது. அது கான்சாஸில் போட்வின் ஊர்ப்பக்கம் ஒரு பண்ணை வீட்டில் போய் விழுந்தது. 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபிகளுக்கு அந்த வீடுதான் விலாசம். எங்கோ எவனோ செய்த மோசடிக்கெல்லாம் போலீஸ் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. 2016இல் செய்தி வெளியான பிறகுதான் புள்ளியை ஓர் ஏரிக்கு நடுவில் மாற்றினார்கள். நம்மூர் மொபைல் நெட்டும் லேசுப்பட்டதல்ல. ஒரே ஐபியைப் பல பேர் பகிர்ந்துகொள்வார்கள், திண்டுக்கல்காரர் சென்னைக் கணக்கில் வருவார்.

அதனால் நான் ஊரை விட்டுவிட்டு ரெஃபரரைப் பார்த்தேன். எந்தப் பக்கத்திலிருந்து வந்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. வியாழன் இரவு ஒருவர் கூகுளிலிருந்து உன் மாவுப்பூச்சிப் பக்கத்துக்கு வருகிறார், ஆண்ட்ராய்டு போன். என்ன சொல்லைத் தேடினார் என்பது தெரியாது; 2011இல் தொடங்கி கூகுள் அதை மறைத்துவிட்டது. நாலைந்து நிமிஷம் கழித்து வேப்பெண்ணெய்க் கரைசல் பக்கத்தைத் திறக்கிறார், அதற்கு ரெஃபரர் மாவுப்பூச்சிப் பக்கம். ஆக, முதல் பக்கத்தைப் படித்திருக்கிறார். அப்புறம் அதே ஐபியிலிருந்து, வாட்ஸ்அப் என்ற யூசர் ஏஜென்டில் ஒரு கோரிக்கை. லிங்க்கை ஒட்டும்போது சின்னப் படத்தோடு முன்னோட்டம் வருகிறதே, அதை அனுப்புகிறவரின் போன்தான் எடுத்து வரும். அதற்குப் பின்னால் ஒரு மணி நேரத்துக்கு விதவிதமான ஐபிகள், எல்லாவற்றுக்கும் ரெஃபரர் இடத்தில் வெறும் சிறுகோடு, அதாவது எங்கிருந்து வந்தார்கள் என்ற விவரம் இல்லை. யாரோ ஒரு குழுவில் போட்டுவிட்டிருக்கிறார், மாப்ளே. எனக்கு அந்த ஒரு மணி நேரம் மொத்த வர்ஜீனியாவையும்விடப் பெரிது.

இனி நீயே குழுக்களில் பகிரும்போது முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு ஒரு அடையாளச் சொல் சேர்த்துவிடு. அது லாகில் அப்படியே விழும், ரெஃபரர் இல்லாவிட்டாலும் எந்தக் குழு என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. கோப்பில் இரண்டு வாரத்துக்கு முந்தையது எதுவும் இல்லை. உபுண்டு சர்வரில் அபாச்சி என்ற வெப்சர்வர் மென்பொருளின் லாக்குகளை 14 நாள்தான் வைத்திருக்கும், அதுதான் வழக்கமான அமைப்பு. சர்வர் பார்த்துக்கொள்ளும் பையனிடம் சொல்லி அதை மூன்று மாதமாக்கச் சொல். பொங்கலுக்கு வரும்போது, போன கார்த்திகையில் எந்தப் பக்கம் ஓடியது என்று உட்கார்ந்து பார்ப்போம்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்