உபயம் கேட்கிற வேலை

சென்காலன்,
ஜூன் மாதம்

அன்பு மச்சான் கோகுலன்,

உங்கள் முகாமைத்துவ பீடத்தில் மாணவர்களே ஒரு வணிக மாநாடு நடத்தப் போவதாகவும், இங்கே சுவிசில் எங்கள் சென்காலன் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் 'சென்காலன் சிம்போசியம்' மாநாட்டை எப்படிச் செய்கிறோம், காசு எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டிருந்தாய். மே மாதம் முடியும்வரை எனக்கு மூச்சுவிட நேரமில்லை. இப்போது ஆறுதலாக எழுதுகிறேன்.

1968இல் பாரிசிலும் ஜெர்மன் நகரங்களிலும் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள் அல்லவா? இந்தச் சின்ன நகரத்தின் வணிக மாணவர்கள் ஐந்து பேர் அப்போது வேறு வழி பார்த்தார்கள். கம்பெனி முதலாளிகளையும் அரசியல்வாதிகளையும் மண்டபத்துக்கே அழைத்து, முகத்துக்கு நேரே கேள்வி கேட்கும் கூட்டம் ஒன்றை நடத்தலாம் என்று 1969இல் ஒரு மாணவர் குழுவைத் தொடங்கினார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளின் புரட்சி இப்படித்தான் இருக்கும் என்று நீ சிரிப்பாய். நானும் முதலில் சிரித்தவன்தான். ஆனால் தெருவில் இறங்கியவர்களின் அமைப்புகள் பல இன்று இல்லை, இந்தக் கூட்டம் இருக்கிறது. 2020இல் கொரோனா தடுத்தபோதும், அடுத்த ஆண்டே ஐம்பதாவது மாநாட்டை நடத்திவிட்டார்கள்.

ஏறக்குறைய முப்பது மாணவர்கள் ஓராண்டு படிப்பை நிறுத்திவைத்து இதை ஏற்பாடு செய்கிறார்கள். மாநாட்டு நாட்களில் உதவிக்கு இன்னும் நூற்றுக்கணக்கானோர் சேர்வார்கள். படிப்பை நிறுத்துகிறேன் என்று வீட்டில் சொன்னதும் அப்பா சில நாள் என்னோடு கதைக்கவில்லை. சுவிசுக்கு வந்த நாள் முதல் உணவகச் சமையலறையில் நிற்கும் மனிதர். "கூட்டம் வைக்கப் படிப்பை விடுவதா? கோயில் திருவிழா உபயகாரர் எல்லாம் வேலைக்குப் போய்க்கொண்டுதானே செய்கிறார்கள்?" என்றார். பிறகு எனக்கு நிறுவனங்களிடம் காசு திரட்டும் அனுசரணைப் பிரிவில் வேலை என்றதும், "ஓ, உபயம் கேட்கிற வேலையா" என்று அவரே விளங்கிக்கொண்டார். அதைவிடச் சரியாக என்னாலும் சொல்லியிருக்க முடியாது.

உபயம் கேட்பது லேசு இல்லை, மச்சான். கம்பெனித் தலைவரிடம் போவதற்கு முன் அவருடைய செயலாளரைத் தாண்ட வேண்டும். முகத்துக்கு நேரே "இல்லை" என்பவர் நல்லவர். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்பவர்தான் ஆளைக் கொல்வார். ஒரு நிறுவனம் மார்ச் வரை தலையாட்டிவிட்டு, அச்சுக்குப் போகிற நேரத்தில் கையை விரித்தது. இன்னொன்றையும் கவனித்தேன். காசு தருபவர்களுக்குத் தங்கள் பெயர்ப்பலகையைவிட, நாளை வேலைக்கு எடுக்கக்கூடிய பிள்ளைகளோடு ஒரே மேசையில் சாப்பிடுவதுதான் பெரிது. பிள்ளைகளுக்கும் அது தெரியும். மண்டபத்தில் சில கேள்விகள் அளவுக்கு மீறி மரியாதையாக வருவது அதனால்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். 1969இல் அந்த ஐவரும் நினைத்தது இதுவாக இருக்காது.

கூர்மையாகக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பழைய காணொளி இருக்கிறது, தேடிப் பார். 2015இல் சிங்கப்பூரின் துணைப் பிரதமராக இருந்த தர்மன் சண்முகரத்தினம் இங்கே வந்தார். எங்கள் ஈழத்து வேர் உள்ளவர், 2023இல் அந்த நாட்டின் ஜனாதிபதியானவர். பிபிசியின் ஸ்டீபன் சாக்கர் அவரை விடாமல் குடைந்தார். சமூகப் பாதுகாப்பு வலையில் உங்களுக்கு நம்பிக்கை உண்டா என்று கேட்டதற்கு, விழுந்தவரை மேலே எழுப்பிவிடும் டிராம்போலினில் நம்பிக்கை உண்டு என்றார். சபை சிரித்தது. பதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை, குதிக்கவே தெம்பில்லாதவன் என்ன செய்வான்? ஆனாலும் அப்படிப்பட்ட பதிலை வாங்கக் கேள்வி கேட்பவனுக்கும் பயம் இருக்கக் கூடாது.

இப்போது உனக்குத் தேவையான விஷயம். "முழுக்க முழுக்க மாணவர்கள்" என்று நாங்கள் பெருமையாகச் சொன்னாலும், பின்னால் நிரந்தரமாக ஓர் அறக்கட்டளை நிற்கிறது. இருந்தும் குழு ஆண்டுதோறும் மாறுகிறது. போகிறவன் தன் இடத்துக்கு வருகிறவனை உட்காரவைத்து, யாரிடம் எப்போது கேட்டோம், யார் ஏன் மறுத்தார், எந்தச் செயலாளருக்குக் காலையில் தொலைபேசி எடுக்கக் கூடாது என்பதுவரை சொல்லிக் கொடுக்கிறான். எனக்கு வந்த கோப்பில் முந்திய ஆண்டுகளின் மறுப்புக் கடிதங்களும் இருந்தன. வேலையை நான் கற்றது அவற்றில்தான். பெரிய பேச்சாளர் யாரைக் கூப்பிடலாம் என்று நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். உங்களுக்கு முன் நடத்திய குழுவின் வரவுசெலவும் அனுசரணையாளர் பட்டியலும் யாரிடம் இருக்கின்றன என்று ஒரு வரிகூட இல்லை. பேச்சாளர் பிறகு வரட்டும், முதலில் அதைத் தேடி எடு. கிடைத்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, எந்தக் கம்பெனிக்கு எப்படி எழுதலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

நீ முதுகலைக்குப் பதிந்ததும் இங்குள்ள கட்டுரைப் போட்டிக்கும் எழுது. உலகெங்கிலுமிருந்து இளையவர்கள் இருநூறு பேர் வருவார்கள், போட்டியில் தேறி அழைக்கப்படுபவர்களுக்குப் பயணச் செலவும் தங்குமிடமும் கிடைக்கும்.

அக்காவின் கல்யாணத்துக்கு அம்மா இப்போதே டிக்கெட் விலை பார்க்கிறார். விட்ட படிப்பைத் திரும்பத் தொடங்குவதால், நான் வருவது பரீட்சைத் திகதியைப் பொறுத்தது.

அன்புடன்,
சுதன்