களுத்துறையில் எடுத்த முகங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் உருவப்படக் கலைஞர்களைப் பற்றி வந்த கட்டுரையில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரூனுக்கு முக்கால் பக்கம் கொடுத்திருந்தீர்கள். சந்தோஷம். டார்வின் படமும் ஹெர்ஷல் படமும் நிழல் கெடாமல் வந்திருந்தன. நியூஸ் பிரிண்டில் அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் 1875-ல் அந்த அம்மையார் இலங்கைக்குப் போனார், அங்கேயே காலமானார் என்று ஒரே வரியில் கட்டுரையை முடித்துவிட்டீர்கள். லண்டன் பத்திரிகை என்றால் அத்தோடு நிறுத்தலாம். தமிழ்ப் பத்திரிகைக்கு அங்கேதான் விஷயமே இருக்கிறது.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்பீர்கள். புரசைவாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் நெகட்டிவ் டச்சிங் செய்து பிழைத்தவன். சாய்வுப் பலகையில் நெகட்டிவை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்து, பென்சில் பிடிக்க மேலே மீடியம் என்ற பசை தடவி, ஊசி போலச் சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழே விழுந்த குழியையும் புள்ளி புள்ளியாக நிரப்புகிற வேலை. நெகட்டிவில் கருப்பு ஏற்றினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்கும். கொஞ்சம் அதிகமாகப் போனால் முகம் மைதா மாவு ஆகிவிடும். அப்படி ஆக்கிக் கொடுத்தால்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவோம் என்று அடம்பிடித்த அம்மாக்களும் உண்டு. அது தனிக் கதை.

முதலில் ஒரு சின்ன வழக்கைத் தீர்த்துக்கொள்கிறேன். கேமரூன் படங்கள் மங்கலாக இருப்பதற்குக் காரணம் அவர் தொழில் தெரியாமல் 48 வயதில் கேமரா பிடித்ததுதான் என்ற தொனி கட்டுரையில் இருந்தது. அவர் காலத்து லண்டன் புகைப்படப் பத்திரிகைகளும் இதையேதான் சொல்லித் திட்டின. ஃபோகஸ் செய்யும்போது கண்ணுக்கு அழகாகப்பட்ட இடத்திலேயே நிறுத்திவிடுவேன், மற்றவர்களைப் போல இன்னும் திருகிக் கூர்மையாக்க மாட்டேன் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். தற்செயலாக வந்ததைப் பிடித்துக்கொண்டு, பிறகு வேண்டுமென்றே செய்தார். முகத்தை அவ்வளவு கிட்டத்தில், பெரிய பிளேட்டில் எடுத்தால் மூக்கு நுனிக்கும் காதுக்கும் ஒரே ஃபோகஸ் கிடைக்காது. அதிலும் அவர் முதலில் வைத்திருந்தது 11-க்கு 9 அங்குல பிளேட். 1866-ல் 15-க்கு 12-க்குப் போய்விட்டார். அவர் படத்தைப் பெரிசு பண்ணவில்லை, பிளேட் என்ன அளவோ படமும் அதே அளவு. எதிரே உட்கார்ந்தவர்கள் சில சமயம் மூன்று நிமிடத்திலிருந்து ஏழு நிமிடம் வரை அசையாமல் இருக்க வேண்டும். எங்கள் ஸ்டுடியோவில் அரை வினாடிக்கே 'மூச்சை விடாதீங்க' என்று கத்துவார்கள். ஏழு நிமிடம் உட்கார்ந்த முகம் பாவனை எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தன் சொந்த முகத்துக்கு வந்துவிடும். பென்சில் டச்சிங் இல்லாமலே அந்தப் படங்கள் நிற்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். என் தொழிலுக்கு எதிராகவே சாட்சி சொல்கிறேன், பரவாயில்லை.

அவர் பிறந்தது கல்கத்தாவில், 1815-ல். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1838-ல் அதே ஊரில் சார்லஸ் ஹே கேமரூனை மணந்தார். கணவருக்கு இவரைவிட இருபது வயது கூட. சட்டம் படித்தவர். அதற்கு முன்பே இலங்கைக்கு விசாரணைக் குழுவோடு போய், ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழிக்கச் சிபாரிசு செய்த கோல்புரூக், கேமரூன் இருவரில் இந்தக் கேமரூன்தான் அவர். அந்தத் தீவின் மேல் ஆசை விழுந்து அங்கே காப்பித் தோட்ட நிலம் வாங்கிப் போட்டார். பிறகு 1860-ல் இங்கிலாந்தின் வைட் தீவில் ஃப்ரெஷ்வாட்டர் என்ற ஊரில் வாங்கிய வீட்டுக்கும் 'டிம்போலா' என்று தோட்டத்தின் பெயரையே வைத்தார்கள். நுவரெலியாப் பக்கம் டிம்புள்ள என்று நம்மவர்கள் சொல்லும் அதே இடத்துப் பெயர்.

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். அந்த அம்மையார் கரி போடுகிற அறையை டார்க் ரூம் ஆக்கினார். கோழிகளைத் துரத்திவிட்டுக் கோழிக்கூண்டுக்குக் கண்ணாடி போட்டு ஸ்டுடியோ ஆக்கினார். வெட் பிளேட் வேலை என்ன என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய பைத்தியம் என்று புரியும். கண்ணாடியில் கொலோடியன் என்ற பிசின் போன்ற திரவத்தை ஊற்றி, எல்லாப் பக்கமும் ஒரே சீராக வழியவிட்டு, சில்வர் நைட்ரேட் தொட்டியில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் சொருகி, எடுத்து, ஈரத்தோடே டெவலப் செய்ய வேண்டும். கை விரல் எல்லாம் கருத்துப்போகும். ஒரு தூசி விழுந்தால் போச்சு. அவர் பிளேட்டுகளில் தூசியும் உண்டு, விரல் ரேகையும் உண்டு, விரிசல் விட்ட பிளேட்டைக்கூட அப்படியே பிரிண்ட் போட்டிருக்கிறார்.

நீங்கள் அச்சிட்ட ஹெர்ஷல் படத்தைப் பற்றி ஒன்று. அவரை வெறும் வானியல் அறிஞர் என்று விட்டுவிட்டீர்கள். படம் அழியாமல் நிலைக்கச் செய்யும் ஹைப்போ என்ற மருந்து வெள்ளி உப்பைக் கரைக்கும் என்று 1819-லேயே கண்டவர் அவர். டார்க் ரூமில் வேலை பார்த்த எங்கள் கையில் சோற்றுக்கு முன்னாலும் நாறிய அந்த ஹைப்போவின் தாத்தா. கேமரூனுக்கு அவர் நெடுநாள் நண்பர். 1867-ல் அவர் வீட்டுக்கே கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், தலையைக் கழுவி முடியைப் பஞ்சாக்கச் சொல்லி எடுத்த படம் அது. வாரிய தலையோடு எடுத்திருந்தால் யாரோ ஒரு ஜமீன்தார் மாதிரி இருந்திருப்பார்.

பெரிய மனிதர்கள் மட்டும் இல்லை, வீட்டு வேலைக்காரப் பெண்களையும் எடுத்தார். மேரி ஹில்லியர் என்ற பெண்தான் பல படங்களில் மாதா. மேரி ரயன் பிச்சையெடுத்துக்கொண்டிருந்த அயர்லாந்துக்காரியின் மகள். கேமரூன் வீட்டில் வளர்ந்து அங்கேயே வேலை செய்தவள். லண்டன் கண்காட்சியில் அவளைப் பார்த்து மயங்கிய ஹென்றி காட்டன் 1867-ல் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். ஆமாம், 1904-ல் பம்பாய் காங்கிரசுக்குத் தலைமை வகித்த அதே சர் ஹென்றி காட்டன். அபிசீனியாவிலிருந்து அனாதையாகக் கொண்டுவரப்பட்ட சிறுவன் இளவரசன் அலமாயு 1868-ல் அவர் கேமரா முன் உட்கார்ந்தான். அவனுக்கும் பெயர் இருக்கிறது. தன் படங்களைப் பதிவு செய்வதில் அந்த அம்மையார் கறார். 500-க்கும் மேற்பட்ட படங்களுக்குக் காப்புரிமை பதிந்திருக்கிறார். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1875-ல் இருவரும் இலங்கைக்குக் கப்பல் ஏறினார்கள். சவப்பெட்டிகளையும் கூடவே கொண்டுபோனார்கள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். 1869 முதல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் பரவி, தோட்ட வருமானம் சரிந்துகொண்டிருந்த காலம். களுத்துறையில் கடலோரத்தில் மகனோடு இருந்தார். அங்கேயும் கேமராவை விடவில்லை. அந்த வெக்கையில் கொலோடியன் எப்படிக் காய்ந்திருக்கும், மருந்து எங்கிருந்து வந்திருக்கும், நல்ல தண்ணீருக்கு என்ன செய்திருப்பார் என்பதெல்லாம் தொழில் தெரிந்தவனுக்கு வியர்க்க வைக்கும் கேள்விகள். இலங்கையில் எடுத்தவற்றில் இன்று இருப்பது 30 படங்கள்கூடத் தேறாது. அவற்றில் இருப்பவர்கள் பெரும்பாலும் அங்கத்து உழைப்பாளிகள், சிங்களவரும் தமிழரும். சென்னை மாகாணத்திலிருந்து மன்னார் வழியாக நடந்துபோய்த் தோட்டங்களில் கூலி வேலை பார்த்த நம் ஜனங்களின் முகங்களும் அதில் உண்டு என்பது ஆய்வாளர்கள் சொல்வது.

ஒருவருக்கும் பெயர் இல்லை.

1877-ல் மரியான் நார்த் என்ற ஓவியர் களுத்துறைக்கு விருந்தாளியாக வந்தார். அவரையும் கேமரூன் எடுத்தார். அந்தப் படங்களில் மரியான் நார்த் என்று பெயர் இருக்கிறது. அதே மரியான் நார்த் எழுதிய நினைவுக் குறிப்பில் உள்ளூர்க்காரர் ஒருவர் வருகிறார். அவருடைய முதுகின் அழகில் மயங்கி, அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளும்படி மகனிடம் கேமரூன் பிடிவாதம் பிடித்தாராம். வீட்டில் தோட்டமும் கிடையாது, அந்த வார்த்தைக்கு அர்த்தமும் அந்த மனிதருக்குத் தெரியாது! படிக்கும்போது சிரிப்பு வரும். இரண்டாம் முறை படித்தால் அவ்வளவு வராது. முதுகு சரித்திரத்தில் ஏறிவிட்டது, முதுகுக்காரர் ஏறவில்லை.

1878-ல் எடுத்த ஒரு படத்துக்குக் களுத்துறைக் குடியானவர்கள் என்று தலைப்பு. ஒரு பெண்ணும் ஒரு கிழவரும் உள்ள குழுப்படம். அதன் அடியில் கேமரூன் தன் கையாலேயே எழுதியிருக்கிறார். பெண்ணுக்கு 12 வயதாம். கிழவர் தான் அவள் அப்பா என்கிறாராம், தனக்கு நூறு வயது என்கிறாராம். ஐயா, இவ்வளவு விசாரித்திருக்கிறார் பாருங்கள். வயது கேட்டாயிற்று, உறவு கேட்டாயிற்று, கிழவர் சொன்னதை நம்பாத தொனியும் எழுத்தில் வந்தாயிற்று. உன் பெயர் என்ன என்று கேட்டு எழுத இன்னும் அரை வரி போதுமே! அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்ல கண் உள்ளவர், பெயரின் மதிப்பு தெரிந்தவர், பதிவு செய்வதில் கறாரானவர். அவரே இதைச் செய்யவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

நான் இருந்தது மவுண்ட் ரோடு ஸ்டுடியோ அல்ல. ஓட்டேரி, புளியந்தோப்பு, பெரம்பூர் ஜனங்கள் வந்துபோகிற இடம். போனஸ் வந்தால் பின்னி மில் தொழிலாளிகள் குடும்பத்தோடு வருவார்கள். ஐ.சி.எஃப். காரர்கள் வருவார்கள். சிலருக்கு வாழ்நாளில் அந்த ஒரு படம்தான். ஆனால் யார் வந்தாலும் நீளமான நோட்டில் வரிசை எண், பெயர், தெரு, தேதி, சைஸ், அட்வான்ஸ் எழுதாமல் உள்ளே விடமாட்டார்கள். அதே எண் நெகட்டிவ் உறையிலும் இருக்கும். பெரிய கொள்கை எதுவும் இல்லை, பாக்கிப் பணம் வாங்குவதற்குத்தான். ஆனால் பல வருடம் கழித்து யாராவது வருவார்கள். அப்பா போயிட்டாருங்க, வீட்டில் இருந்த படத்தைக் கரையான் தின்னுடுச்சு, குரூப் போட்டோ எடுத்தது இங்கேதான், அதிலிருந்து முகத்தை மட்டும் பெரிசு பண்ணிக் கொடுங்க என்பார்கள். ரசீது இருக்காது. நோட்டில் பெயரைத் தேடினால் எண் கிடைக்கும், எண்ணைத் தேடினால் உறை கிடைக்கும், உறைக்குள்ளே அப்பா இருப்பார். அந்த நோட்டு இல்லாவிட்டால் அலமாரி நிறைய யார் யாரோதான்.

இப்போது சென்னையில் பழைய ஸ்டுடியோக்கள் மூடும்போது முதலில் எடைக்குப் போவது இந்த நோட்டுகள்தான். நெகட்டிவையாவது வெள்ளிக்காக யாராவது கிலோ கணக்கில் வாங்கிக்கொள்வார்கள். கண்ணாடி நெகட்டிவைக் கழுவி ஃபிரேமுக்குப் போட்டதும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைத் தேடிச் சேகரித்து எண்ணிமப் படுத்தியிருக்கிறது. அருமையான வேலை. ஆனால் ஒரு நிறுவனம் எத்தனை பரணில் ஏற முடியும்?

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். களுத்துறைப் படங்களை உரிய அனுமதியோடு வாங்கி உங்கள் பத்திரிகையில் பெரிதாகப் போடுங்கள். டார்வினுக்குக் கொடுத்த அதே அளவில். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் நீலகிரியிலும் இருக்கின்றன, நம் நகரத்திலும் இருக்கின்றன. நூறு ஆண்டு தாண்டி யாரும் அடையாளம் சொல்லிவிடப் போவதில்லை என்று தெரியும். ஆனாலும் அந்த முகங்களை அவர்கள் பார்க்கட்டும், லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிசிலும் உள்ள அருங்காட்சியகங்களுக்குப் போகிறவர்கள் மட்டும் பார்த்தால் போதாது.

இன்னொன்று, ஸ்டுடியோக்காரர்களின் பிள்ளைகளுக்கு. கடையை மூடுங்கள், வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நெகட்டிவை யாருக்குக் கொடுத்தாலும் நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். எங்கே கேட்பது என்று தெரியாதவர்கள் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம். எண்ணும் பெயரும் பிரிந்துவிட்டால் பிறகு எவனாலும் சேர்க்க முடியாது.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் டச்சிங் பற்றி நான் எழுதியதையும் ஹைப்போ பற்றி எழுதியதையும் வெட்டிக்கொள்ளுங்கள். நோட்டு பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வெ. இரா.
ஓய்வுபெற்ற நெகட்டிவ் டச்சிங் தொழிலாளி,
புரசைவாக்கம், சென்னை.